கம்ப்யூட்டரைத் தூங்கவைத்தேன்

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை பத்தரை மணிக்கு, இந்த வீட்டில் இனி ஒரு பொட்டு மின்சாரம்கூட வீணாகக் கூடாது என்று நான் முடிவெடுத்தேன். எடுக்க எனக்கு முழு உரிமை உண்டு. மின்சார அலுவலகத்தில் மீட்டர் பார்க்கிறவன் நான். இருபத்தாறு வருஷமாக ஊரார் வாசலில் நின்று, "ஃபேன் ஓடுதே, ரூம்ல யாருங்க இருக்கா?" என்று கேட்டவன். கேட்டு, இரண்டு முறை நாய்க்கடியும் வாங்கியவன்.

"ஹால்ல இருக்கிற கம்ப்யூட்டர் நாள் பூரா ஓடுது," என்றேன் மனைவியிடம். "அதுல யாராவது வேலை செய்யறாங்களா? இல்ல. அப்புறம் எதுக்கு ஓடணும்?"

அவள் துணி மடித்துக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை.

"ஓடட்டும்."

"ஓடட்டுமா? நான் யாரு தெரியுமா?"

"தெரியும். மாடிப்படி லைட்டை மூணு நாளா அணைக்காதவரு."

இப்படித்தான் பேசுவாள். ஆஸ்பத்திரியில் வருகிற நோயாளிகளின் விவரங்களைக் கேட்டுக் கேட்டு கம்ப்யூட்டரில் ஏற்றுகிற வேலை அவளுக்கு. நாளுக்கு இருநூறு பேரைக் கேள்வி கேட்கிறவளிடம் ஒற்றை ஆளாக நின்று நான் என்ன கிழிக்க முடியும்?

உங்களிடம் மறைப்பானேன். பிரச்சினை மின்சாரம் இல்லை. அந்தக் கம்ப்யூட்டரை ஐந்து நிமிஷம் தொடாமல் விட்டால் திரையில் ஃபோட்டோக்கள் ஒவ்வொன்றாக ஓடும். அப்படி ஓடும்படி செய்துவைத்தது எங்கள் பெண். ஃபோட்டோவில் இருப்பதும் அவள்தான். பதினாறு வயசு. ஒரு வாரக் காய்ச்சல். பதினோரு மாசம் ஆகிறது.

வேலையிலிருந்து வந்ததும் என் மனைவி அதற்கு எதிரில் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொள்வாள். துணி மடிப்பாள், காய் நறுக்குவாள், பார்த்துக்கொண்டே இருப்பாள். நான் ஹாலைத் தாண்டும்போது தலையைக் குனிந்துகொண்டு சுவரோரமாகப் போவேன், நாய் கட்டியிருக்கிற வாசலைத் தாண்டுகிற மாதிரி. என்னால் அந்தப் படங்களைப் பார்க்க முடியவில்லை. என் பெண்ணின் பேரை வாயால் சொல்லவும் முடியவில்லை. 'அந்த ரூம்', 'அந்த சைக்கிள்', 'அந்த விஷயம்' என்று எல்லாவற்றுக்கும் முன்னால் ஒரு 'அந்த' போட்டு ஒப்பேற்றிக்கொண்டிருந்தேன்.

"ஒரு நாளாவது அவளைப் பத்தி எங்கிட்ட பேசுங்களேன்," என்பாள் மனைவி. "நீங்க பேசினா நான் ஏன் இந்தப் பெட்டி முன்னாடி உக்காரப் போறேன்?"

"பால் பொங்குது பாரு," என்பேன் நான். அடுப்பில் பாலே இருக்காது.

ஆகவே, மின்சார சிக்கனம். அவள் கடைக்குப் போன நேரம் பார்த்து உட்கார்ந்தேன். ஆபீஸ் கேஷியர் எனக்கு முன்கூட்டியே பாடம் எடுத்திருந்தார். "செட்டிங்ஸ்ல பவர்னு ஒண்ணு இருக்கும் சார். திரை எத்தனை நிமிஷத்துல அணையணும், மெஷின் எத்தனை நிமிஷத்துல தூங்கணும்னு கேக்கும். நீங்க சொன்னா அப்படியே கேட்டுக்கும்." நான் சொன்னால் கேட்டுக்கொள்கிற ஒன்று என் வீட்டிலேயே இருப்பது அதுவரை எனக்குத் தெரியாது.

படம் ஓட ஐந்து நிமிஷம் ஆகிறதல்லவா? திரை மூன்றே நிமிஷத்தில் அணைந்துவிட்டால்? படம் வருவதற்கு வழியே இல்லை! என்ன மூளை எனக்கு! திரைக்கு மூன்று, மெஷினுக்கு நான்கு என்று போட்டேன். கீழே இன்னும் ஏழெட்டுக் கட்டங்கள் இருந்தன. ஒரு எழவும் புரியவில்லை. சிக்கனத்தில் குறை வைப்பானேன் என்று எல்லாவற்றிலும் டிக் போட்டேன்.

மனைவி வந்தாள். பையை வைத்தாள். பார்த்தாள்.

"என்ன ஆச்சு இதுக்கு?"

"தூங்குது. பவர் சேவிங். பூமி சூடாகுதுல்ல?"

பையிலிருந்து காய்களை எடுத்து வெளியே வைத்தாள். சண்டை வரும் என்று அரை டஜன் பதில்களைத் தயார் செய்து வைத்திருந்தேன்.

"சரிங்க," என்றாள்.

இருபத்திரண்டு வருஷத்தில் அவள் 'சரிங்க' என்று சொன்னபோதெல்லாம் பின்னாலேயே எனக்கு ஒரு ஆப்பு வந்திருக்கிறது.

மறுநாள் சாயங்காலம் வீட்டுக்கு வந்தேன். அதே இடத்தில் நாற்காலி. மடியில் துணி. எதிரில் கறுப்புத் திரை. அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அதுல என்ன தெரியுது?"

"ஒண்ணும் தெரியல."

"அப்புறம் எதுக்கு உக்காந்திருக்க?"

"வேற எங்க போய் உக்காரச் சொல்றீங்க?"

செவ்வாயும் அப்படியே. புதனும் அப்படியே. அவளை எழுப்பிவிடலாம் என்று போட்ட திட்டம் இது. அவள் எழுந்திருக்கவே இல்லை, பாவி நான் படத்தை மட்டும் பிடுங்கிவிட்டேன்.

இன்னொன்றும் தெரிந்தது. தலையைக் குனிந்துகொண்டு போன நாளிலெல்லாம் நான் ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டுதான் இருந்திருக்கிறேன், திருட்டுப்பயல். என் ஆபீஸ் தொப்பியைப் போட்டுக்கொண்டு, எங்கள் வீட்டு மீட்டர்மேலேயே டார்ச் அடித்து, "இங்க ஏதோ மோசடி நடக்குது" என்று முறைப்பாளே, அந்தப் படம். மூன்று நாள் அது கண்ணில் படாமல் எனக்குச் சோறு இறங்கவில்லை.

வியாழக்கிழமை சாயங்காலம் மனைவி சமையலறையில் இருந்தாள். சத்தமில்லாமல் போய் உட்கார்ந்து பொத்தானை அமுக்கினேன். அரதப்பழசு மெஷின். முனகிக்கொண்டே விழித்தது. விழித்ததும் பாஸ்வேர்ட் கேட்டது.

வாங்கின நாளிலிருந்து அது என்னிடம் பாஸ்வேர்ட் கேட்டதே கிடையாது. எனக்குப் புரிந்துவிட்டது. 'சரிங்க' என்றாளே!

"ஏம்மா! இதுக்கு பாஸ்வேர்ட் வச்சியா?"

காய் நறுக்குகிற சத்தம் நின்றது.

"கேக்குதா?"

"கேக்குது."

"அப்ப கண்டுபிடிங்க."

கல்யாணத் தேதியை அடித்தேன். தப்பு என்றது.

"நம்ம கல்யாண நாள் இல்லையா?"

"எந்தத் தேதி போட்டீங்க?"

"பதினேழு."

"பதினாறு."

பதினாறு போட்டேன். அதுவும் தப்பு. மனைவியின் பிறந்த நாளைப் போடலாம் என்றால், அதையும் அவளிடமே கேட்க வேண்டும்.

"ஒரு குறிப்பாவது குடேன்."

"இந்த வீட்ல பதினோரு மாசமா நீங்க சொல்லாத வார்த்தை."

"மன்னிச்சுக்கோன்னா?"

"அதை நீங்க இருபத்திரண்டு வருஷமா சொல்லல."

எனக்குத் தெரிந்துவிட்டது. எங்கள் பெண்ணுக்குக் கோபம் வந்தால் படாரென்று வெடிப்பாள், இரண்டு நிமிஷத்தில் அடங்கிவிடுவாள். அதனால் நான் வைத்த பேர் ஃப்யூஸு. நான் மட்டும்தான் அப்படிக் கூப்பிடுவேன். ஆஸ்பத்திரியில் கடைசியாகக் கூப்பிட்டதும் அப்படித்தான். அதற்கப்புறம் அந்த வார்த்தையை நான் வேலையில்கூட சொல்வதில்லை. யாராவது ஃப்யூஸ் போச்சு என்று புகார் சொன்னால், "கரண்ட் இல்லன்னு சொல்லுங்க, போதும்," என்று அவர்கள்மேல் எரிந்து விழுவேன்.

டைப் அடித்தேன். தப்பு.

"வரலையே!"

"டைப் அடிச்சா வராது. வாயால சொல்லுங்க."

"கம்ப்யூட்டருக்குக் காது ஏது?"

"எனக்கு இருக்குல்ல?"

தொண்டையைச் செருமினேன். மூக்கைத் துடைத்தேன். தப்பிக்க வழி இருக்கிறதா என்று வாசலைப் பார்த்தேன்.

"ஃப்யூஸு," என்றேன்.

"கேக்கல."

"ஃப்யூஸு. ஃப்யூஸும்மா. என் கண்ணு."

அவ்வளவுதான். ஐம்பது வயசு ஆள், கீபோர்டு மேலேயே தலையைக் கவிழ்த்துக்கொண்டு ஓவென்று அழுதேன். அவள் வந்து ஈரக் கையை என் பிடரியில் வைத்தாள். அவளும் அழுதாள்.

"அந்தத் தொப்பியைக் கழட்டவே மாட்டாளே," என்றேன்.

"தூங்கும்போதுகூட போட்டுக்குவா. நான் கழட்டினா முழிச்சுக்கிட்டு சண்டைக்கு வருவா."

"எங்கிட்ட நீ சொன்னதே இல்லையே."

"எங்க சொல்ல விட்டீங்க?"

பேசினோம். பதினோரு மாசப் பேச்சு. அடுப்பில் ஏதோ நிஜமாகவே தீய்ந்தது. இரண்டு பேரும் எழுந்திருக்கவில்லை.

அப்புறம் அவள் என் தோளுக்கு மேலாகக் கையை நீட்டி, மறுபடி தூங்கிப்போயிருந்த மெஷினை எழுப்பி, ஒரே ஒரு தட்டு தட்டினாள். திறந்துகொண்டது. செட்டிங்ஸுக்குள் போய், திரை அணையவே வேண்டாம், மெஷின் தூங்கவே வேண்டாம் என்று மாற்றினாள். எதையும் தொடாமல், கையைக் கட்டிக்கொண்டு ஐந்து நிமிஷம் பக்கத்தில் பக்கத்தில் காத்திருந்தோம். படம் வந்தது. தொப்பியோடு முறைத்தாள் என் பெண். இந்த முறை நேராகவே பார்த்தேன்.

"நானும் ஃப்யூஸுன்னுதானே அடிச்சேன்?" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டு கேட்டேன். "நீ அப்படி என்ன அடிச்ச?"

"நான் எங்க அடிச்சேன்?" என்றாள், படத்திலிருந்து கண்ணை எடுக்காமல். "புரியாததுல எல்லாம் டிக் போட்டிருக்கீங்க, அதுல ஒண்ணு முழிச்சதும் பாஸ்வேர்ட் கேக்கிறது. பாஸ்வேர்டே கிடையாதுங்க, சும்மா எண்டரைத் தட்டினா திறந்துக்கும்."