வல்லாரைத் துவையலும் வேதாந்தத்தின் மறதியும்

இனிமேல் எதையுமே ஞாபகம் வைத்துக்கொள்வதில்லை என்று வேதாந்தம் தீர்மானித்தது தொண்ணூற்றாறாம் வருஷம், ஆவணி மாசத்து ஒரு செவ்வாய்க்கிழமை காலையில், வல்லாரைத் துவையலுக்கு எதிரே உட்கார்ந்துகொண்டு. நாலு மாசமாக அவர் தட்டில் வேறு ஒன்றும் விழவில்லை. பொய் சொல்லக்கூடாது, விழுந்தது. வெந்தயக்கீரை விழுந்தது. முளைகட்டின பயறு விழுந்தது. ஊறவைத்த அக்ரூட் எண்ணி நாலு விழுந்தது. நெய் மட்டும் விழவில்லை. உருளைக்கிழங்கு ரோஸ்ட் என்று ஒரு வஸ்து பூலோகத்தில் இருந்ததற்கு அந்த மயிலாப்பூர் வீட்டில் அடையாளமே இல்லை.

எல்லாம் மந்தைவெளி அண்ணாவால் வந்த வினை. வேதாந்தத்தின் மூத்த அண்ணா, உறவுக்காரர் அத்தனை பேருடைய ஜன்ம நட்சத்திரத்தையும் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லுவார். அப்பேர்ப்பட்ட மனுஷர் ஒருநாள் ஐம்பது வருஷம் குடித்தனம் பண்ணின பெண்டாட்டியைப் பார்த்து, "மாமி, உங்களை எங்கேயோ பார்த்திருக்கேனே" என்றார். விசாரிக்கப் போன வேதாந்தத்தின் மனைவி ஜெயலக்ஷ்மி பயந்துபோய்த் திரும்பி வந்தாள். மறு வாரமே லஸ்ஸில் ஒரு டாக்டரின் பேச்சைக் கேட்கப் போய்விட்டாள்.

டாக்டர் நல்ல மனுஷர். நெய், எண்ணெய் குறைத்து, கீரை, காய்கறி, பயறு நிறையச் சாப்பிட்டால் மறதி நோய் வருவது ஒருவேளை குறையலாம், ஆராய்ச்சி நடக்கிறது, உறுதியாக இன்னும் சொல்வதற்கில்லை என்றுதான் சொன்னார். அந்த 'ஒருவேளை' ஜெயலக்ஷ்மியின் நோட்டுப் புத்தகத்தில் ஏறவில்லை. அலுமினியப் பாத்திரத்தின் மேல்கூட சந்தேகம் உண்டாமே என்று கூட்டத்தில் யாரோ கேட்டார். டாக்டர் பதில் சொல்லி முடிப்பதற்குள், இவள் மனசுக்குள் அடுக்களையைக் காலி செய்துவிட்டாள். மறுநாள் அத்தனை பாத்திரமும், பழைய சாமானுக்குப் பிளாஸ்டிக் வாளி கொடுக்கிறவளிடம் போயிற்று.

"ஒரு சொட்டு நெய் விடேண்டி."

"அண்ணா மாதிரி ஆகணுமா?"

"அண்ணாவும் கீரை சாப்பிட்டுண்டுதானே இருந்தார்?"

"நெய்யில வதக்கின கீரை. பேசாம சாப்பிடுங்கோ."

பேசாமல்தான் சாப்பிட்டார். அந்த வீட்டில் அவர் பேச்சு எடுபடுகிற விஷயம் ஒன்றே ஒன்றுதான் பாக்கி. வீட்டை இடித்து ஆறு ஃப்ளாட் கட்டுகிறேன் என்று வெள்ளைத்துரை என்ற பில்டர் மூணு வருஷமாக நடையாக நடந்தார். ஜெயலக்ஷ்மிக்கு முழங்கால் வலி. கிணற்றடி, மாடிப்படி, குந்தி உட்காரும் கக்கூஸ், எல்லாம் அவளைப் பழிவாங்கிக்கொண்டிருந்தன. லிஃப்ட் வைத்த ஃப்ளாட் என்றால் அவளுக்கு உயிர். ஆனால் பத்திரம் வேதாந்தம் பேரில் இருந்தது. "மாட்டேன்" என்பார் வேதாந்தம். வெள்ளைத்துரை எழுந்து போவார். காபிக்குச் சர்க்கரை எவ்வளவு என்பதுகூடத் தன் கையில் இல்லாத மனுஷரைக் குடும்பத் தலைவராக வைத்திருந்தது அந்த ஒரு 'மாட்டேன்'தான். அதுவும் போனால் அவரும் வாளியோடு வாளியாக ஒரு மூலையில் கிடக்க வேண்டியதுதான்.

மறக்கும் யோசனையைக் கொடுத்தது அக்பர் பாஷா. லஸ்ஸில் கடிகாரம் ரிப்பேர் செய்கிறவர், பார்க்கில் வேதாந்தத்தோடு காலையில் நடக்கிறவர்.

"இன்னா சாரே, மூஞ்சி சொணங்கிக் கீது?"

வேதாந்தம் கீரைக் கதையைச் சொல்லி அழாத குறை.

"மாத்திரை கேக்கலன்னா டாக்டரு இன்னா பண்ணுவாரு? மாத்திரைய நிறுத்துவாரு. நீ கீரை துன்னுக்கினே மறந்துக்கினு இரு. மாமி தானா உட்ரும்."

அன்றைக்கே வேதாந்தம் மூக்குக்கண்ணாடியை அரிசி டின்னுக்குள் வைத்தார். வியாழக்கிழமையை வெள்ளிக்கிழமை என்று சாதித்தார். ஒரு மத்தியானம் ஜெயலக்ஷ்மியைக் "காமாக்ஷி" என்று கூப்பிட்டார். காமாக்ஷி அவளுடைய தங்கை. கரண்டி அப்படியே நின்றது. நியாயமாக அது அவர் தலையில் இறங்கியிருக்க வேண்டும். ஜெயலக்ஷ்மி தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "வல்லாரை பத்தலை போலருக்கு" என்று இன்னொரு கரண்டி வைத்தாள். அவள் கண்ணீரைப் பார்த்து அவருக்கு மனசு என்னவோ செய்தது. உருளைக்கிழங்கை நினைத்துக்கொண்டார், சரியாகிவிட்டது.

ஆனால் திட்டம் போட்டு மறப்பது லேசான வேலையில்லை. காலையில் எதை மறந்தோம் என்று சாயங்காலம் ஞாபகம் இருக்க வேண்டும். நாலாவது வாரம் களைத்துப்போய் ஒரு சுருக்கு வழி கண்டுபிடித்தார். கண்ணைச் சுவரில் குத்திவைத்துக்கொண்டு, யார் எதைக் கேட்டாலும் "சரி" என்பது.

அந்த ஞாயிற்றுக்கிழமை பெண் ஹம்சாவும் மாப்பிள்ளையும் பெசன்ட் நகரிலிருந்து பார்க்க வந்தார்கள்.

"அப்பா, நான் யாரு தெரியறதா?"

"சரி."

ஹம்சா மூக்கை உறிஞ்சினாள். ஜெயலக்ஷ்மி பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"காபி கொண்டு வரட்டுமா?"

"சரி."

"ஃபேனைக் குறைக்கட்டுமா?"

"சரி."

"வெள்ளைத்துரை கேக்கறாரே, ஆத்தைக் குடுத்துடலாமா?"

'மாட்டேன்' தொண்டை வரைக்கும் வந்துவிட்டது. சொன்னால் நாலு வாரப் பாடும் வீண். தவிர, மறதிக்காரன் சம்மதம் எந்தக் கோர்ட்டில் செல்லும்? அறிவாளி இல்லையா, ஒரு நொடியில் இவ்வளவும் யோசித்தார்.

"சரி" என்றார். மாப்பிள்ளை எழுந்து ஃபேனைக் குறைத்தார்.

வியாழக்கிழமை காலை வெள்ளைத்துரை பழத்தட்டோடு வந்தார், கூடவே ஒரு வக்கீல்.

"அய்யா, ரொம்ப சந்தோசம். ஞாயித்துக்கெழம சரின்னுட்டியளாமே."

"நானா? எனக்கு ஒண்ணும் ஞாபகமில்லையே" என்றார் வேதாந்தம், சுவரைப் பார்த்தபடி.

வக்கீல் பேனாவை மூடினார். "மறதி வியாதின்னா கையெழுத்து செல்லாதும்மா."

வேதாந்தத்துக்கு உள்ளே குளுகுளுவென்று இருந்தது.

"அதனால என்ன" என்றாள் ஜெயலக்ஷ்மி. "மந்தைவெளியில அண்ணாவுக்கு ஆள் போட்டிருக்கா. பக்கத்துலயே இன்னொரு கட்டில் போடச் சொல்லியிருக்கேன். டாக்டர் சர்டிஃபிகேட் வந்துடுத்துன்னா, கோர்ட்டுல என்னையே கார்டியனாப் போட்டுடுவாளாமே?"

"நாளாகும். ஆனா நடக்கும்" என்றார் வக்கீல்.

வேதாந்தத்தின் கண் சுவரை விட்டுக் கீழே இறங்கியது.

"எனக்கு ஒண்ணும் இல்லடி. சும்மா நடிச்சேன்."

"அண்ணாவும் முதல்ல ஒண்ணும் இல்லைன்னுதான் சொன்னார்" என்றாள் ஜெயலக்ஷ்மி. வக்கீல் உச்சுக் கொட்டினார்.

"எல்லாம் ஞாபகம் இருக்கு. நீ ஜெயலக்ஷ்மி. இன்னிக்கு வியாழக்கிழமை, ஒன்றரையிலேர்ந்து மூணு ராகுகாலம். நமக்குக் கல்யாணம் ஆனது அறுபத்தொண்ணு, வைகாசி பதினேழு."

"ஞாயித்துக்கிழமை?"

"ஹம்சா வந்தா. மாப்பிள்ளை வந்தார். காபியில சர்க்கரை இல்லை."

"அப்புறம் நான் ஆத்தைப் பத்தி ஒண்ணு கேட்டேன். என்ன சொன்னேள்?"

வேதாந்தம் வக்கீலின் பேனாவைப் பார்த்தார்.

"சொல்லுங்கோ. ஞாபகம் இருக்கா, இல்லையா? இல்லேன்னா கட்டிலுக்குச் சொல்லணும்."

இருந்தது. தெள்ளத் தெளிவாக இருந்தது. வல்லாரை வேலை செய்துவிட்டதோ என்னவோ.

"சரின்னேன்" என்றார். வக்கீல் பேனாவைத் திறந்தார்.

கையெழுத்து வாங்கிக்கொண்டு அவர்கள் போன பிறகு வேதாந்தம் சாப்பிட வந்து உட்கார்ந்தார். ஜெயலக்ஷ்மி அடுக்களையில் இருந்தாள்.

"உனக்கு எப்போ தெரியும்?"

"கண்ணாடியை அரிசி டின்ல வெச்ச அன்னிக்கே. அண்ணாவானா வெச்சுட்டு வீடு பூரா தேடுவார். நீங்க தேடவே இல்லை."

"பின்னே ஏன் அழுதே?"

"உங்களுக்கும் வந்துடப்போறதேன்னு நாலு மாசமா நான் சரியாத் தூங்கலை. கால் வலியோட மார்க்கெட் மார்க்கெட்டா அலைஞ்சு கீரை வாங்கினேன். நீங்க அந்த பயத்தை வெச்சு என்கிட்ட விளையாடினேள். அழாம என்ன பண்றது?" குரலில் கோபம்கூட இல்லை.

தட்டு வந்தது. அதில் உருளைக்கிழங்கு ரோஸ்ட் பொன்னாக முறுகி, சாதத்து மேல் நெய் குளமாக நின்றது.

"ஜெயா" என்றார், கையை வைக்காமல். "இதைச் சாப்பிட்டா மறதி வந்துடுமேடி."

"வந்தா வரட்டும். கையெழுத்து ஆயாச்சு."