வலது பக்கக் கிருதா

அன்று காலை மெஸ் அறையில் இருந்தவர்கள் ஏழு பேர். மேல்தளத்து ஆட்களுக்குத் தலைவரான போசன், ஃபிட்டர், சமையல்காரர், எலெக்ட்ரீஷியன், சீஃப் ஆபீசர், கயிறு வேலை பார்க்கும் நெட்டையன், அவனோடு எப்போதும் ஒட்டிக்கொண்டு திரியும் மௌனசாமி. எட்டாவதாக ஒருவர் இருந்ததாகவும், அவர்தான் எல்லாவற்றையும் தூண்டிவிட்டதாகவும் பிற்பாடு பேசிக்கொண்டார்கள். அப்படிப் பேசியவர்களில் ஒருவரும் அங்கே இல்லை.

ஆறு பேர் போசனின் வலது காதுக்கு மேலே பார்த்துக்கொண்டிருந்தார்கள். சற்று முன்புவரை அங்கே ஒரு கிருதா இருந்தது.

"என்னடா எல்லாரும் மூச்சு விடாம நிக்கிறீங்க?" என்றார் போசன். கழுத்தைச் சுற்றித் துண்டு கட்டி, நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார்.

"ஒண்ணுமில்லண்ணே. கப்பல் கொஞ்சம் ஆடிடுச்சு," என்றான் ஃபிட்டர். முடிவெட்டும் மெஷின் அவன் கையில் இன்னும் உறுமிக்கொண்டிருந்தது.

"கப்பல் ஏழு மாசமா ஆடிக்கிட்டுத்தானேடா இருக்கு?"

"இன்னிக்கு மெஷின் உங்க தலைமேல இருக்கும்போது ஆடிடுச்சுண்ணே."

கரையை விட்டு ஏழு மாதமாகியிருந்தது உண்மைதான். மாற்று ஆட்கள் அடுத்த துறைமுகத்தில் வந்துவிடுவார்கள் என்று மூன்று துறைமுகங்களாகச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். சரக்குக் கப்பலில் நாவிதர் கிடையாது. இரும்பை அறுக்கிறவன் முடியை அறுக்கமாட்டானா என்று யாரோ சொன்ன நாளிலிருந்து ஃபிட்டர்தான் எல்லாருக்கும் வெட்டினான்.

மற்ற ஞாயிற்றுக்கிழமையாக இருந்தால் போசன் இரண்டு வசவோடு விட்டிருப்பார். இன்று அப்படி விட முடியாது. இன்னும் இரண்டு மணி நேரத்தில் அவர் மகளுக்குச் சம்பந்தம் பேச வீட்டுக்கு வருகிறார்கள். பையனும் பெண்ணும் மனதுக்குள் முடிவு செய்துவிட்டார்கள். "இவர் இல்லன்னா வேற யாரும் வேண்டாம்ப்பா" என்று மகள் போனிலேயே சொல்லிவிட்டாள். பையனின் அப்பாதான், பெண்ணைப் பெற்றவரை முகத்துக்கு முகம் பார்க்காமல் வாக்குக் கொடுக்கமாட்டேன் என்று இருந்தார். சாதாரண மனிதர் இல்லை. பன்னிரண்டு வருஷம் வெளிநாட்டில் இருந்துவிட்டுத் திரும்பியவர். அதிகம் பேசமாட்டார். ஆளைப் பார்த்தே எடை போட்டுவிடுவார் என்று கேள்வி.

போசனும் லேசுப்பட்டவர் இல்லை. "எங்க பரம்பரையில ஒருத்தன்கூட போலீஸ் ஸ்டேஷன் படி ஏறினதில்லடா" என்பதை வாரத்துக்கு ஒரு முறையாவது சொல்வார். அது வெறும் பேச்சும் இல்லை. அவருடைய தகப்பனாரின் சைக்கிள் திருடுபோனபோது, புகார் கொடுக்கக்கூட அவர் ஸ்டேஷனுக்குப் போகவில்லை. சைக்கிள் போனால் போகிறது, மரியாதை போகக்கூடாது என்று மிச்ச ஆயுளையும் நடந்தே கழித்தார்.

"இடது பக்கமும் அதே மாதிரி எடுத்துட்டா தெரியாதுண்ணே," என்றான் ஃபிட்டர்.

இடது பக்கம் எடுத்தான். அது ஒரு விரல் மேலே போய்விட்டது. வலதை அதற்குச் சமமாக்கினான். பிறகு இடதை வலதுக்கு. சமையல்காரர் தள்ளி நின்று ஒற்றைக் கண்ணை மூடி அளவு பார்த்து, "இப்ப இந்தப் பக்கம் ஏறிடுச்சு" என்று ஒவ்வொரு தடவையும் சொன்னார். கடைசியில் இரண்டு பக்கமும் சமமாயின. உச்சியில் மட்டும் பிரஷ் மாதிரி கொஞ்சம் மிச்சம் இருந்தது.

போசன் கண்ணாடியை வாங்கிப் பார்த்தார். திருப்பிக் கொடுத்தார்.

"டேய், நான் என்ன பல்லு விளக்குற பிரஷாடா?"

எலெக்ட்ரீஷியன் முன்னால் வந்தார். வயர்களில் எண் எழுதும் கறுப்பு மார்க்கர் ஒன்று அவரிடம் இருந்தது. "வீடியோல தூரத்துல இருந்து பார்த்தா முடி மாதிரியே இருக்கும்," என்றார். ஒவ்வொரு முடியாக, பொறுமையாக, இரண்டு பக்கமும் வரைந்தார். பார்ப்பதற்கு நன்றாகவே இருந்தது. மெஸ் அறையின் ஏசி மூன்று வாரமாக வேலை செய்யவில்லை என்பதுதான் அவருக்கு நினைவில்லை. அதைச் சரிசெய்ய வேண்டியவரும் அவர்தான்.

வியர்வை வழிந்தது. முடியும் வழிந்தது. ஏதாவது ஒரு நல்ல நாளுக்கு ஆகும் என்று கிளம்பும்போதே போசனின் மனைவி தேய்த்து மடித்து வைத்து அனுப்பிய வெள்ளைச் சட்டையின் கழுத்துப்பட்டை கறுத்தது. நெட்டையன் ஓடிப்போய்ப் பெயின்ட் கலக்கும் தின்னர் கொண்டுவந்து துடைத்தான். மை போகவில்லை, பரவியது. புகைபோக்கிக்குள் தலையை விட்டு எடுத்தவர் போல இருந்தார் போசன்.

"இனிமே மழிச்சுட வேண்டியதுதாண்ணே," என்றான் ஃபிட்டர், தரையைப் பார்த்தபடி.

மழித்தார்கள். தோலைத் தேய்த்துத் தேய்த்து மையும் ஒருவாறு போயிற்று. தலை போனபிறகு மீசை மட்டும் தனியாகத் தெரிந்தது.

"கொள்ளைக்காரன் மாதிரி இருக்கு," என்றார் சமையல்காரர். "கொஞ்சம் ஓரத்தைக் குறைச்சா சாந்தமா இருக்கும்."

இடது ஓரத்தைக் குறைத்தான் ஃபிட்டர். பிறகு வலது ஓரத்தை. சமையல்காரர் ஒற்றைக் கண்ணை மூடினார். அதற்குமேல் நடந்ததை விரிவாகச் சொல்ல வேண்டியதில்லை. முப்பது வருஷத்து மீசை மூன்று நிமிஷத்தில் போயிற்று.

போசன் கண்ணாடியைக் கேட்கவில்லை. மேலுதட்டைத் தடவிப் பார்த்தார். அவர் குரல் இறங்கிவிட்டது.

"வீட்ல யாருக்கு என்ன ஆச்சுன்னு கேப்பாங்களேடா. நல்ல காரியம் பேச வந்த எடத்துல இப்படிப் போய் உக்காந்தா எழுந்திரிச்சுப் போயிடுவாங்க. என் பொண்ணுக்கு நான் என்னடா பதில் சொல்லுவேன்?"

அப்போதுதான் சீஃப் ஆபீசர் தொண்டையைச் செருமினார். கப்பலில் ஆட்களின் மன உறுதியைப் பார்த்துக்கொள்வது அவர் பொறுப்பு. ஊழியர்கள் ஒன்றுசேர்ந்து உற்சாகமாக எதையாவது செய்து, படம் எடுத்து அனுப்ப வேண்டும் என்று கம்பெனியிலிருந்து சுற்றறிக்கை வந்து ஒரு மாதமாயிற்று. கேரம் போட்டி வைத்துப் பார்த்தார். அதிலிருந்து எஞ்சின் ரூமும் சமையலறையும் பேச்சுவார்த்தையை நிறுத்திக்கொண்டன.

"எல்லாரும் மொட்டை போட்டுக்குவோம்," என்றார். "கப்பல்ல இது வழக்கம்னு சொல்லிடலாம். எனக்கும் ஒரு படம் கிடைக்கும்."

"சார், எனக்கும் வீட்டுல போன் பேசுவாங்க சார்!" என்று அலறினான் நெட்டையன்.

மௌனசாமி ஒன்றும் சொல்லாமல் வந்து நாற்காலியில் உட்கார்ந்து துண்டைக் கழுத்தில் கட்டிக்கொண்டான். அதைப் பார்த்து நெட்டையனும் அடுத்த ஆளாக வந்து நின்றான். சமையல்காரருக்குப் பெரிய வேலை இல்லை. பத்து வருஷக் கடல் வாழ்க்கையில் அவர் தலை முன்பே முக்கால்வாசி ஒத்துழைத்திருந்தது. கடைசியாக ஃபிட்டர் மிஞ்சினான்.

"நீ உக்காருடா," என்று போசன் மெஷினை வாங்கிக்கொண்டார். அன்று அவர் முகத்தில் தெரிந்த முதல் திருப்தி அது.

வெள்ளைச் சட்டை கெட்டுப்போனதால் போசன் மேலும் கீழும் ஒன்றாகத் தைத்த வேலை உடையான ஆரஞ்சு நிற பாய்லர் சூட்டைப் போட்டுக்கொண்டார். அவர் மட்டும் தனித்துத் தெரியக்கூடாது என்று எல்லாரும் அதையே மாட்டிக்கொண்டார்கள். சலவையில் மாறிப்போகாமல் இருக்க ஒவ்வொன்றின் மார்பிலும் ஓர் எண் தைத்திருக்கும். போசனுடையது நாற்பத்தொன்று. பெண் வீட்டுக்கு ஆள்பலம் இருப்பது தெரியட்டும் என்று ஐந்து பேர் பின்னால் வரிசையாக, கைகளைத் தொடைமேல் வைத்து உட்கார்ந்தார்கள். ஒருவருக்கு இருபது நிமிஷம்தான் இணைப்பு என்பதால், சீஃப் ஆபீசர் சாவிக்கொத்தோடு கதவருகே நின்று கடிகாரம் பார்த்தார்.

இணைப்பு வந்தது. வீட்டுக் கூடம் தெரிந்தது. சுவரில் மீசையோடு போசனின் பழைய படம். அதன் கீழே மனைவி, மகள், பையன், பையனின் அம்மா. ஓரத்தில் பையனின் அப்பா, கைகளைக் கட்டிக்கொண்டு. போனைப் பிடித்திருந்தவன் போசனின் மைத்துனன்.

"மாமா! என்ன மாமா இது?"

"கப்பல்ல எல்லாரும் இப்படித்தான் மாப்ளே, வழக்கம்," என்றார் போசன். பின்னால் ஐந்து தலைகள் ஒரே நேரத்தில் ஆடின.

பையனின் அம்மா சுவரில் இருந்த படத்தைப் பார்த்தாள். போனைப் பார்த்தாள். "அந்தச் சட்டையில நம்பர் எதுக்குங்க?"

"அதுவா, மாறிடக்கூடாதுன்னு ஆளுக்கொரு நம்பர் குடுத்திருக்காங்கம்மா."

"எப்ப வீட்டுக்கு வருவீங்க?"

"ரெண்டு மாசத்துல விட்டுடறோம்னு சொல்றாங்க. அவங்க சொல்றதை நம்ப முடியாது. மூணு தடவை நீட்டிட்டாங்க."

அந்த அம்மாள் கணவரைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு, "எனக்குக் கடல்னா ரொம்ப ஆசை. கொஞ்சம் காட்டுங்களேன்," என்றாள்.

போசன் உற்சாகமாக எழுந்து போனை வட்ட ஜன்னலருகே கொண்டுபோனார். போன துறைமுகத்தில் ஏற்றிய சரக்குப் பெட்டிகள் ஜன்னலுக்கு வெளியே அடுக்கடுக்காக நின்றன. கண்ணாடியைச் சுற்றிப் பெரிய பெரிய போல்ட்டுகள். அதற்கப்பால் ஓர் இரும்புச் சுவர்.

"கடல் அதுக்கு அந்தப் பக்கம் இருக்கும்மா."

"வெளிய போய்க் காட்டுங்களேன்."

"இந்த ரூமை விட்டு வெளிய போனா லைன் கட்டாயிடும்மா."

"பத்து நிமிஷம்தான் பாக்கி," என்றார் சீஃப் ஆபீசர், சாவிக்கொத்தைக் கைமாற்றியபடி.

கூடத்தில் மகள் உதட்டைக் கடித்துக்கொண்டு தரையைப் பார்த்தாள். எங்கேயோ கோணிவிட்டது என்று போசனுக்குப் புரிந்தது, எங்கே என்றுதான் புரியவில்லை. கடைசியாகத் தன்னிடம் இருந்த ஒரே சொத்தை எடுத்து வைத்தார். முதுகை நிமிர்த்தி, நாற்பத்தொன்று நன்றாகத் தெரியும்படி உட்கார்ந்தார்.

"என் தலையைப் பார்க்காதீங்க. குடும்பத்தைப் பாருங்க. எங்க பரம்பரையில ஒருத்தர்கூட போலீஸ் ஸ்டேஷன் படி ஏறினதில்ல!"

பையனின் அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். பையன் அப்பாவைப் பார்த்தான். அதுவரை வாயே திறக்காத அந்த மனிதர் கட்டியிருந்த கையைப் பிரித்தார்.

"எல்லாரும் கொஞ்சம் வெளிய இருங்க. நான் அவர்கிட்ட தனியா பேசணும்."

எல்லாரும் வெளியேறும் சத்தம் கேட்டது. மகளின் கொலுசுச் சத்தம் கடைசியாகக் கேட்டது. முடிந்தது என்று நினைத்தார் போசன். மழித்த தலை தானாகக் குனிந்தது. பின்னால் ஐந்து தலைகளும் குனிந்தன.

பையனின் அப்பா போனைக் கையில் எடுத்து முகத்தருகே கொண்டுவந்தார். அவர் கண்கள் கலங்கியிருந்தன.

"தலையை நிமிருங்க சம்பந்தி. நானும் வெளிய இப்படித்தான் சொல்லிக்கிட்டேன். பன்னெண்டு வருஷம் வெளிநாட்டுல இருந்தேன்னு ஊர்ல பேசிக்கிறாங்களே, அது சுத்தப் பொய். நானும் உள்ளதான் இருந்தேன், அஞ்சாம் பிளாக். நீங்க எந்த ஜெயில்?"