மேல்மாடியில் குடியிருந்த அறிக்கை

எனக்கு வயது எழுபத்தாறு. பெற்றது நான்கு, கொழுந்தனார் பிள்ளைகளையும் சேர்த்து வளர்த்தது ஆறு. செய்த தப்புக்கு அந்த ஆறு பேரில் ஒருத்தர்கூட இதுவரை என்னிடம் மன்னிப்புக் கேட்டதில்லை. ஆறு பேருக்கும் சேர்த்து, செய்யாத தப்புக்கெல்லாம் மன்னிப்புக் கேட்டவன் ஒருவன் எங்கள் நாமக்கல் வீட்டு மேல்மாடியில் குடியிருந்தான். தெரு அவனுக்கு வைத்த பெயர் அறிக்கை.

காலேஜ் முடித்த கையோடு ஒரு முட்டைக் கம்பெனியில் பி.ஆர்.ஓ.வாகச் சேர்ந்திருந்தான்.

"அதென்ன வேலை சாமி?" என்று கேட்டேன்.

"கம்பெனியப் பத்தி நாலு பேருகிட்ட நல்லவிதமாப் பேசோணுங்க ஆயா. பேப்பர்க்காரங்களுக்கு அறிக்கை எழுதிக் குடுக்கோணுங்க."

"முட்டையப் பத்திப் பேச என்ன இருக்குது? உடைச்சாத் தெரிஞ்சுட்டுப் போகுது."

அதையும் குறித்துக்கொண்டான்.

ஆறு மாதம் பார்த்துவிட்டுத்தான் வேலையை நிரந்தரம் செய்வார்களாம். இல்லாவிட்டால் அப்பாவின் ரிக் வண்டியில் ஏறி, போர்வெல் போட வடக்கே போக வேண்டும். போனால் தீபாவளிக்குத்தான் ஊர்.

வந்த முதல் வாரம் மோட்டாரை நிறுத்த மறந்து தொட்டி வழிந்தது. மறுநாள் சுவிட்சுக்கு மேலே ஒரு தாள். "மேல்மாடி வாடகைதாரர் சார்பில், நேற்று ஏற்பட்ட தண்ணீர் இழப்புக்கு ஆழ்ந்த வருத்தம் தெரிவிக்கப்படுகிறது." நான் படித்தது இரண்டாம் வகுப்பு. எழுத்துக் கூட்டி முடிப்பதற்குள் அடுப்பில் பால் பொங்கிவிட்டது. அதை அவனிடம் சொன்னேன். சாயங்காலம் பாலுக்கும் ஒரு தாள் ஒட்டியிருந்தது.

அதன்பின் தொட்டி நிறைந்தால் மாடியிலிருந்து குரல் கொடுப்பான். எதிர்வீட்டு நாய் அவனைக் கடித்தபோது, குறுக்கே வந்தமைக்கு வருந்துகிறோம் என்று எழுதி நாய்க்காரர் கதவிலேயே ஒட்டிவிட்டு ஊசி போடப் போனான். நாய்க்காரர் தாளோடு என்னிடம் வந்தார்.

"ஏனுங்க, கடிச்சது எங்க நாயிங்க. இவரு எதுக்குங்க வருத்தப்படறாரு? அதுலயும் வருந்துகிறோமாமா. கூட யாருங்க வந்தது?"

ஐந்தாம் மாதம் அவன் அப்பா திருச்செங்கோட்டிலிருந்து வந்தார். தெருவுக்கே கேட்கும்படி, "எம்பையன் அங்க என்ன வேலைங்க பண்றான்?" என்றார்.

"பேசறானுங்க."

"என்னதுங்க?"

மூன்றாவது தடவை நான் கத்தியதில் எதிர்வீட்டு நாய்தான் பதில் சொன்னது. முப்பது வருடம் ரிக் பக்கத்தில் நின்றதில் அவருக்கு இரண்டு காதும் போய்விட்டது. அறிக்கை சட்டைப்பையிலிருந்து தாள் எடுத்து எழுதி நீட்டினான். சின்ன வயதிலிருந்தே அப்பாவிடம் அப்படித்தானாம். சோறு வேண்டுமென்றாலும் தாள், மன்னிப்பென்றாலும் தாள். அவர் படித்துவிட்டு, "பேசறதுக்கெல்லாமா சம்பளம் குடுக்கறாங்க" என்று சிரித்தார்.

அவர் போன பிறகு மாடிப்படியில் உட்கார்ந்து சொன்னான். "நானும் வண்டியேறுனா எனக்கும் இப்படித்தான் ஆகுமுங்க ஆயா."

ஆறு மாதம் முடிய ஒரு வாரம் இருந்தது. கோடை மழை பெய்து, கம்பெனியின் கோழிப்பண்ணையில் ஈ பெருகிப் பக்கத்து ஊரெல்லாம் மொய்த்தது. ஊர்க்காரர்கள் ரோட்டில் உட்கார்ந்துவிட்டார்கள். ஈ நம் பண்ணையிலிருந்து வரவில்லை என்று பேப்பர்க்காரர்களிடம் சொல்லிவிட்டு வா என்று முதலாளி இவனை அனுப்பினார்.

மறியல் செய்கிறவர்களானாலும் மத்தியானத்தில் வந்தவனைப் பட்டினி போட மனசு வருமா? ஓர் அம்மா இவனை வீட்டுக்குள் கூப்பிட்டுச் சோறு போட்டு, பக்கத்தில் நின்று விசிறினாராம். "சீக்கிரம் உண்டுக்கங்க சாமி. விசிறிய நிறுத்துனாச் சோறு கண்ணுக்குத் தெரியாது."

உண்டுவிட்டு வந்து மைக்கைப் பிடித்தான். மறுநாள் பேப்பரில் வந்தது: "எங்கள் பண்ணை ஈக்களால் மக்களுக்கு ஏற்பட்ட சிரமத்துக்கு நிர்வாகத்தின் சார்பில் ஆழ்ந்த வருத்தம்." ஊர்க்காரர்கள் சமாதானமாகி எழுந்து போய்விட்டார்கள். மத்தியானத்துக்குள் இவனையும் கம்பெனி வீட்டுக்கு அனுப்பிவிட்டது.

"வரலைன்னு ஒரு வார்த்தை சொல்லித் தொலைச்சிருக்கலாமல்ல கண்ணு?"

"சொல்லத்தானுங்க ஆயா வாயத் தொறந்தேன். ஒரு ஈ உள்ள போயிருச்சுங்க."

அவன் சிரிக்கவில்லை. என்னாலும் முடியவில்லை.

மூன்றாம் நாள் ரிக் வண்டி வாசலில் வந்து நின்றது. "பையன விட்டுட்டுப் போங்க, வேற வேலை பாத்துக்குவான்" என்று அவன் அப்பாவிடம் கத்தினேன். அவர் தலையாட்டிச் சிரித்தார். காது கேட்காதவர் எல்லாவற்றுக்கும் அப்படித்தானே சிரிப்பார். அவரிடம் எழுதிக் காட்டினால்தான் ஆகும் என்று உள்ளே ஓடித் தாள் எடுத்தேன். மூன்று எழுத்துக் கூட்டிப் 'பையனை' என்று முடிப்பதற்குள் வண்டி கிளம்பிவிட்டது.

சுவிட்சுக்கு மேலே புதுத் தாள் ஒன்று இருந்தது. "இனி தொட்டி நிறைந்தால் மேலிருந்து குரல் கொடுக்க இயலாமைக்கு வருந்துகிறோம்." அதை நான் கிழிக்கவில்லை.

அன்றைக்கு ஒரு வார்த்தையோடு நின்றுபோன தாளில்தான் இதை எழுதத் தொடங்கினேன். முடிக்க மூன்று மாதம் ஆகிவிட்டது. இதைப் பத்திரிகைக்கு அனுப்பப் போவதாகப் பேத்தி சொல்கிறாள். அனுப்புவதற்கு முன்னால் இங்கே வா சாமி, ஒரு தடவை படி, கேட்கிறேன். கத்த வேண்டாம், மெதுவாகவே படி. வடக்கே இருக்கிற அவனுக்குக் காது இன்னும் போயிருக்காது.