நாலு கோலும் பொதுமக்கள் கருத்தும்

தகுதிச் சுற்று ஆட்டத்தில் தேசிய அணி நாலு கோல் வாங்கித் தோற்ற மறுவாரம், விளையாட்டுத் துறை ஓர் அறிவிப்பு வெளியிட்டது. மேற்படித் தோல்வியைத் துறை மிகுந்த அக்கறையோடு கவனத்தில் கொண்டிருப்பதாகவும், அதற்கான காரணங்களைப் பொதுமக்கள் நேரில் வந்து தெரிவிக்கலாம் என்றும், வரும்போது அடையாள அட்டையின் நகல் இரண்டு கொண்டுவர வேண்டும் என்றும் அதில் கண்டிருந்தது. ஜெயித்த நாடு ஒரு தீவு என்பதையும், அதன் மொத்த ஜனத்தொகை நம் தலைநகரத்து ரயில் நிலையத்தில் காலை நேரத்தில் நிற்கும் கூட்டத்தைவிடக் குறைவு என்பதையும் அறிவிப்பு நாகரிகம் கருதிக் குறிப்பிடவில்லை.

கருத்துகளைக் கேட்டு எழுதும் பொறுப்பு இரண்டாம் மாடிக் குமாஸ்தாவிடம் வந்து சேர்ந்தது. பத்தொன்பது வருட சர்வீஸ். சொன்னதை ஒரு சொல் கூட்டாமல் ஒரு சொல் குறைக்காமல் எழுதுவார் என்று அலுவலகத்தில் பேர் வாங்கியவர். அந்தப் பேரால் அவருக்கு இதுவரை ஒரு பதவி உயர்வும் கிடைத்ததில்லை. துணை இயக்குநர் அவரைக் கூப்பிட்டு உட்காரச் சொன்னார். குமாஸ்தா நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தார்.

"கால்பந்து பார்ப்பீங்களா?"

"இல்ல சார். வீட்டுல மச்சினன் பார்ப்பான். நான் அந்த நேரத்துல துணி மடிப்பேன்."

"ஆஃப்சைடுன்னா என்னன்னு தெரியுமா?"

"தெரியாது சார்."

"நல்லது. இதுக்கு நடுநிலையான ஆள்தான் வேணும்" என்றார் துணை இயக்குநர்.

பழைய கோப்புகள் அடுக்கியிருந்த அறையை ஒதுக்கிக் கொடுத்தார்கள். ஒரு மேசை, இரண்டு நாற்காலி, சுற்றும்போதெல்லாம் கிடுகிடுவென்று தலையாட்டும் ஒரு மின்விசிறி. வெளியே தாழ்வாரத்தில் நீள பெஞ்சு. படிவத்தில் பதினாலு கேள்விகள். அவற்றில் முக்கியமானவை மூன்று: ஆட்டத்தைப் பார்த்தீரா, தோல்விக்குக் காரணம் என்ன, பரிகாரம் என்ன. காரணத்துக்கு நேரே 'ஒன்று மட்டும்' என்று தடித்த எழுத்தில் அச்சிட்டிருந்தார்கள். மக்களுக்கு இடம் கொடுத்தால் விடமாட்டார்கள் என்பது துறைக்குத் தெரியும்.

முதல் நாள் பத்து மணிக்கெல்லாம் வரிசை மாடிப்படி இறங்கி, சைக்கிள் நிறுத்துமிடத்தைத் தாண்டிப் போயிருந்தது. குடிநீர் இணைப்புக்கு மனு வாங்கின நாளில்கூட இந்தக் கூட்டம் வரவில்லை என்றார் வாசல் காவலாளி. கருத்துச் சொல்லி முடித்தவர்களும் வீட்டுக்குப் போகவில்லை. பக்கத்து ஆள் என்ன சொல்கிறான் என்று பார்த்துவிட்டுப் போகலாம் என்று பெஞ்சிலேயே உட்கார்ந்துகொண்டார்கள். குமாஸ்தா யாரையும் விரட்டவில்லை. விரட்டுவதற்குப் படிவத்தில் இடமில்லை.

மூன்றாம் நாள் முற்பகல், அன்றைய முப்பத்தெட்டாம் எண் டோக்கனோடு ஒரு சலூன்காரர் வந்தார்.

"ஆட்டத்தைப் பார்த்தீங்களா?"

"முழுசா பார்த்தேன். ஆனா கண்ணாடியில பார்த்தேன். டிவி எனக்குப் பின்னாடி இருக்கு, கஸ்டமர் எனக்கு முன்னாடி இருக்கார். கத்தியைக் கையில வெச்சுக்கிட்டுத் திரும்ப முடியாது பாருங்க."

"பார்த்தவர்னே போட்டுக்கறேன். காரணம்?"

"முடி. பதினொரு பேருக்கும் முன்நெத்தி முடி கண்ணுல விழுது. இப்ப அதுதான் ஃபேஷன்கிறாங்க. பந்து வருதா, முடி வருதான்னு அவனுக்கே தெரியலை."

குமாஸ்தா 'முடி' என்று எழுதிக்கொண்டார். பரிகாரமாக, அணியோடு ஒரு முடிதிருத்துநர் பயணம் செய்ய வேண்டும் என்று சலூன்காரர் சொன்னதையும் எழுதினார்.

அடுத்தவர் பஸ் கண்டக்டர். ஆட்டம் நடந்தபோது அவர் டூட்டியில் இருந்தார். ஆனாலும் பயணிகள் போனில் பார்த்துக்கொண்டிருந்ததால், டிக்கெட் கொடுத்தபடியே இருபத்தேழு போன்களில் கொஞ்சம் கொஞ்சமாகப் பார்த்துவிட்டார்.

"எல்லாரும் படியிலயே நிக்கிறாங்க சார். அதான் காரணம். முன்னாடி எவ்வளவு இடம் காலியா கிடக்கு. ஒருத்தனும் நகர மாட்டேங்கிறான். 'முன்னாடி போ, முன்னாடி போ'ன்னு சொல்றதுக்கு அங்க ஆளே இல்லை."

மூன்றாவதாக வந்தவர் பல் டாக்டர். முதல் பாதி முடிந்ததும் அவர் பகுதியில் கரண்ட் போய்விட்டது. மீதியை அனுபவத்தால் ஊகித்துக்கொண்டார்.

"தோத்தப்புறம் ரெண்டு பேர் சிரிச்சாங்க. மறுநாள் பேப்பர்ல படம் வந்தது. தோத்தவன் பல்லு வெளிய தெரியக் கூடாது. பல்லைக் கடிச்சுக்கிட்டு ஆடுறதுன்னு ஒண்ணு இருக்கில்லையா, அதை முறையா சொல்லித்தர நிபுணர் வேணும்."

மூவரும் பெஞ்சில் போய் உட்கார்ந்தார்கள். ஐந்து நிமிடத்தில் முடியா, நகர்தலா, பல்லா என்று பேச்சு சூடுபிடித்தது. கடைசியில் மூவரும் ஒரு விஷயத்தில் ஒன்றுபட்டார்கள். என்ன சொன்னாலும் கோல்கீப்பர் சரியில்லை.

"ரெண்டாவது கோலுக்கு அவன் கையையே தூக்கலை" என்றார் கண்டக்டர். "பஸ்ஸை நிறுத்தறதுக்குக்கூட மனுஷன் கையைத் தூக்குவான்."

அதே பெஞ்சின் ஓரத்தில் நெடுநெடுவென்று ஓர் ஆள் உட்கார்ந்திருந்தார். முப்பது வயது இருக்கும். வலது கையில் இரண்டு விரலைச் சேர்த்துக் கட்டுப் போட்டிருந்தது. தலைமுடியை ஒட்ட வெட்டியிருந்தார்.

"நீங்க என்ன சொல்றீங்க தம்பி?" என்று கேட்டார் பல் டாக்டர்.

"நாலாவது கோலைப் பிடிச்சிருக்கலாம்" என்றார் அவர்.

"பாருங்க, இவர் விஷயம் தெரிஞ்சவர்" என்று சலூன்காரர் மெச்சிக்கொண்டார்.

நாற்பத்தொன்றாம் எண்ணைக் கூப்பிட்டபோது அவர்தான் எழுந்து உள்ளே போனார்.

"தொழில்?"

"கோல்கீப்பர். வேலைன்னு பார்த்தா மின்சார ஆபீஸ்ல மீட்டர் பார்க்கிறேன்."

"எங்க கோல்கீப்பரா இருக்கீங்க?"

"தேசிய அணியில."

கதவு திறந்தே இருந்தது. மூவரும் எட்டிப் பார்த்தார்கள். அப்புறம் சலூன்காரர் உள்ளே வந்து அவரோடு நின்று ஒரு போட்டோ எடுத்துக்கொண்டார். மற்ற இருவரும் எடுத்துக்கொண்டார்கள். எடுத்து முடித்ததும் கண்டக்டர், அன்று கையை எந்த உயரத்துக்குத் தூக்கியிருக்க வேண்டும் என்று அவருக்குத் தூக்கிக் காட்டினார். கோல்கீப்பர் பொறுமையாகப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"காரணம் சொல்லுங்க" என்றார் குமாஸ்தா.

"முதல் கோல் விழும்போதே எனக்கு ரெண்டு விரல் உடைஞ்சுபோச்சு சார். வெளிய வந்திருக்கணும். மாத்து கோல்கீப்பர் இருந்தா வந்திருப்பேன். அவனை ஏர்போர்ட்லயே விட்டுட்டுப் போயிட்டாங்க. ஃபிளைட்ல எங்களுக்கு நாற்பத்தஞ்சு சீட். ஆட்டக்காரங்க பதினாலு பேர், அதிகாரிங்க முப்பத்தொரு பேர். அவன் சீட்டுல ரசிகர் தூதுக்குழுத் தலைவர் வந்தார். மிச்ச எண்பது நிமிஷமும் நான் ஒத்தைக் கையோட நின்னேன்."

"பரிகாரம்?"

"அடுத்த தடவை மாத்து கோல்கீப்பரையும் கூட்டிட்டுப் போகணும். அவ்வளவுதான் சார். வேற ஒண்ணும் வேண்டாம்."

மூன்று நாளில் அன்றைக்குத்தான் முதல்முறையாக, கால்பந்து என்பது தனக்கும் விளங்கக்கூடிய விஷயம் என்று குமாஸ்தாவுக்குப் பட்டது. ஒரு சொல் விடாமல் எழுதினார். பிறகு வாசலில் நின்ற மூவரையும் பார்த்தார்.

"இவர் சொன்னதை நீங்களும் கேட்டீங்க. இதை ஆதரிச்சு ஆளுக்கொரு கையெழுத்துப் போட்டா வலுவா இருக்கும்."

மூவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"போடலாம்தான்" என்றார் கண்டக்டர். "ஆனா நான் ஏற்கெனவே ஒரு காரணம் சொல்லிட்டேனே. ஒண்ணு மட்டும்னு போட்டிருக்கே."

"இவர் சொல்றது உண்மைதான், நான் இல்லைங்கலை" என்றார் பல் டாக்டர். "ஆனா இது நிர்வாகக் காரணம். நாம பேசிக்கிட்டிருக்கிறது கால்பந்து."

சலூன்காரர், கோல்கீப்பர் தன் கடைக்கு எப்போது வந்தாலும் காத்திருக்க வேண்டியதில்லை என்றார்.

அன்று மாலை குமாஸ்தா கட்டைத் தூக்கிக்கொண்டு துணை இயக்குநர் அறைக்குப் போனார். நாற்பத்தொன்றாம் படிவத்தை மேலே வைத்திருந்தார். துணை இயக்குநர் அதை இரண்டு முறை படித்தார்.

"கையெழுத்து ரொம்ப அழகா இருக்கு. இந்த ரசிகர் தூதுக்குழுத் தலைவர் யாருன்னு இவர் சொன்னாரா?"

"சொல்லலை சார்."

அந்தத் தலைவர் யார் என்பது அறையில் இருந்த இரண்டு பேருக்கும் தெரியும். இரண்டு பேரும் ஜன்னலைப் பார்த்தார்கள்.

"இவர் ஆட்டத்தைப் பார்த்தாரா?"

"ஆடினார் சார்."

"ஆடினது இருக்கட்டும். பார்த்தாரா? நாம கேட்கிறது பார்த்தவங்க கருத்து."

"கேட்டேன் சார். ரெண்டு கோலைப் பார்த்தாராம். மத்த ரெண்டுக்கும் முன்னாடி ஆள் மறைச்சிட்டாங்களாம்."

துணை இயக்குநர் வருத்தத்தோடு தலையை ஆட்டினார். "பாதிதான் பார்த்திருக்கார். இதை எப்படி நாம ஏத்துக்கறது?"

"சார், கண்ணாடியில பார்த்தவர் ஒருத்தர் கருத்தை எடுத்திருக்கோம்."

"அவர் முழுசா பார்த்தார் இல்லையா?"

குமாஸ்தா நகரவில்லை. பத்தொன்பது வருடத்தில் முதல்முறையாக, சொன்ன பிறகும் அவர் அங்கேயே நின்றார். "இதைச் சேர்த்தா நல்லது சார். இதுல நியாயம் இருக்கு" என்றார். குரல் அவருக்கே கேட்காத அளவுக்கு இருந்தது.

துணை இயக்குநர் கோபப்படவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "உங்களை மாதிரி ஆளுங்கதான் துறைக்கு வேணும். அடுத்த ஆட்டத்துக்கு ஒரு பதிவாளர் கூட வரணும்னு நினைக்கிறேன். எல்லாத்தையும் நேர்ல பார்த்து எழுதறதுக்கு. வெளிநாடு போயிருக்கீங்களா?"

குமாஸ்தா போனதில்லை. நாற்பத்தொன்றாம் படிவம் மேசையில் கிடந்தது. அதை எடுத்துக்கொண்டு போவதா, விட்டுவிட்டுப் போவதா என்று அவர் சற்று நேரம் யோசித்தார். வெளியே வந்தபோது அவர் கையில் மற்ற படிவங்கள் எல்லாம் இருந்தன.

செய்தி வீட்டுக்குப் போனதும் அவர் மனைவி தெருவில் பதினோரு வீட்டுக்குச் சொன்னாள். அடுத்த ஆட்டம் நடக்கும் நாட்டில் குளிர் எலும்பைத் துளைக்கும் என்று கேள்விப்பட்டு, முழங்கால் வரை வரும் ஒரு கோட்டு வாங்கி வந்தாள். இத்தனை வருடமாக டிவியை மறைக்காதீங்க என்பதற்கு மேல் அவரிடம் ஒரு வார்த்தை பேசியிராத மச்சினன், "அத்தான், நம்ம டிஃபென்ஸ் பத்தி நீங்க என்ன நினைக்கிறீங்க?" என்று கேட்டான். குமாஸ்தா யோசித்துவிட்டு, முன்னால் நிறைய இடம் காலியாகக் கிடப்பதாகச் சொன்னார்.

அறிக்கை வெளிவந்தது. அறுநூற்றுப் பன்னிரண்டு கருத்துகள் பெறப்பட்டு, அறுநூற்றுப் பதினொன்று ஏற்கப்பட்டன. முடி, நகர்தல், பல் ஆகிய மூன்றும் முதன்மைக் காரணங்களாகக் கண்டறியப்பட்டன. ஆகவே ஒரு முடிதிருத்துநர், ஒரு நகர்வு ஒருங்கிணைப்பாளர், ஒரு பல் ஆலோசகர் ஆகியோர் அணியுடன் பயணம் செய்வார்கள். இதனால் ஏற்படும் இட நெருக்கடியைச் சமாளிக்க, ஆட்டத்துக்குப் பதினோரு பேர் போதும் என்ற சர்வதேச விதியைத் துறை கண்டிப்புடன் பின்பற்றும். நாட்டு மக்கள் அறிக்கையை வரவேற்றார்கள். தங்களையும் மனிதர்களாக மதித்துக் கேட்டிருக்கிறார்கள் என்று பேசிக்கொண்டார்கள்.

புறப்படும் நாள் காலை, விமான நிலையக் கவுன்டரில் இருந்த பெண் பட்டியலை எண்ணிப் பார்த்தாள்.

"நாற்பத்தாறு பேர் இருக்கு. சீட் நாற்பத்தஞ்சுதான். ஒருத்தர் இறங்கணும்."

துணை இயக்குநர் குமாஸ்தாவின் தோளில் கை வைத்தார். "பட்டியல் உங்க கையிலதானே இருக்கு. நீங்களே பார்த்து ஒரு பேரை அடிச்சிடுங்க. நடுநிலையா."

குமாஸ்தா பட்டியலைப் பிரித்தார். இயக்குநரை அடிக்க முடியாது. மனவலிமைப் பயிற்சியாளர், அவருடைய உதவியாளர், உதவியாளருடைய மனைவி, எல்லோருக்கும் பேருக்கு நேரே ஆணை எண் இருந்தது. கண்டக்டரும் பல் டாக்டரும் சலூன்காரரும் ஒரே நிறத் தொப்பியோடு அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். நாற்பத்தாறாவது பேர், மை இன்னும் புதிதாக, அவருடையது. அதைக் கொஞ்ச நேரம் பார்த்தார். கோட்டின் பொத்தானைத் தடவிக்கொண்டார். பிறகு ஆட்டக்காரர்களிடம் வந்தார். அவருக்குக் கால்பந்து பற்றி முதல்முறையாகச் சொந்தமாக ஒரு கருத்துத் தோன்றியது. பத்துப் பேர் ஓடுகிறவர்கள். ஒருவர் நிற்கிறவர். நிற்பதற்கு யார் வேண்டுமானாலும் நிற்கலாம்.

அடித்துவிட்டு, தானே போய்ச் சொன்னார். கோல்கீப்பருக்கு விரல் கூடிவிட்டிருந்தது. அவர் பையைத் திறந்து, ஒரு ஜோடி பெரிய கையுறைகளை எடுத்து நீட்டினார்.

"கோல்ல யாராவது ஒருத்தர் நிப்பாங்கல்ல சார். அவங்ககிட்ட குடுத்துடுங்க. இது இல்லாம நிக்க முடியாது."

"கட்டாயம் குடுத்துடறேன் தம்பி" என்றார் குமாஸ்தா. கொடுக்க வேண்டும் என்றுதான் நினைத்தார். போன இடத்தில் ஆட்டக்காரர்களுக்குத் தனி பஸ், தூதுக்குழுவுக்குத் தனி பஸ். வாசலும் வேறு வேறு. உள்ளே போக ஓர் அட்டை கேட்டார்கள். அது பதிவாளருக்கு வழங்கப்பட்டிருக்கவில்லை.

கேலரியில் காற்று ஊசியாகக் குத்தியது. கோட்டு முழங்கால் வரை இருந்ததே தவிர, கைக்கு ஒன்றும் இல்லை. முதல் கோல் விழுந்தபோது குமாஸ்தாவின் விரல்கள் பேனாவைப் பிடிக்க முடியாமல் விறைத்துப்போயின. இரண்டாவது கோலுக்குப் பிறகு கையுறைகளை எடுத்து மாட்டிக்கொண்டார். உள்ளே பஞ்சு வைத்திருந்தார்கள். நல்ல கதகதப்பு.

ஐந்தாவது கோலின்போது கண்டக்டர் எழுந்து நின்றார். கோலில் நிற்கும் ஆளை உற்றுப் பார்த்தார்.

"கையுறைகூடப் போடாம வந்து நிக்கிறான் சார். நாட்டுக்காக ஆடறோம்கிற பொறுப்பே இல்லை."

"அதுதாங்க காரணம்" என்று குமாஸ்தா ஒப்புக்கொண்டு, இரண்டு கைகளையும் கோட்டுக்குள் விட்டுக்கொண்டார்.