உள்ளே துணி விடாத பிளவுஸ்

அளவு பிளவுஸ் என்பது நம் உடம்புக்கு நாமே கொடுத்துக்கொள்ளும் நற்சான்றிதழ். அதில் தேதி போடும் வழக்கம் இல்லை என்பதுதான் வம்பு.

எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். போனதோடு நிற்காமல் உணவியலில் முதுகலைவரை படித்தேன். தி.நகரில் ஒரு மகளிர் மன்றம் ‘வயதும் உடல் கொழுப்பும்’ என்று பேசக் கூப்பிட்டபோது, பட்டுப்புடவைக்குப் புது பிளவுஸ் தைக்கக் கொடுத்தேன்.

சைதாப்பேட்டை டைலர் அண்ணன் டேப்பை எடுத்தார். “ஒருதபா அளவு எட்த்துடலாமா பாப்பா?”

“வேணாண்ணா. இதே அளவுதான்.” நான் நீட்டியது கல்லூரி முதலாண்டில் தைத்த பிளவுஸ். (அப்போது பதினெட்டு, இப்போது இருபத்தெட்டு. படித்தவளுக்குத் தெரியாதா என்ன?)

“சரி, பின்னாடி பிரிச்சுக்க உள்ள கொஞ்சம் துணி வுட்றேன்.”

“எதுக்குண்ணா? வெட்டிடுங்க.”

பேச்சு நாளன்று காலையில்தான் பிளவுஸ் கைக்கு வந்தது. மூச்சை உள்ளே இழுத்தால் போட முடிந்தது. வெளியே விடக் கூடாது, அவ்வளவுதான்.

அம்மா எங்கள் தெருவில் பாதியை பஸ் ஏற்றிக் கூட்டிவந்து முன்வரிசையை நிரப்பியிருந்தாள். எங்கள் வம்சத்தில் முதன்முதலாக ஒருத்தி மேடை ஏறுகிறாள், சொதப்பக் கூடாது.

“வயதாக ஆகத் தசை கொஞ்சம் கொஞ்சமாகக் குறையும். தசை குறைந்தால் உடம்பு எரிக்கிற சக்தியும் குறையும். நம் சாப்பாடு மட்டும் குறையாது. மிச்சமெல்லாம் இடுப்பைச் சுற்றி வந்து உட்காரும்!” என்று இரண்டு கைகளையும் விரித்துக் காட்டினேன்.

முதுகுத் தையல் விட்டது. முந்தானையில் மாட்டியிருந்த மைக், அந்த ‘டர்ர்ர்’ரைக் கடைசி வரிசைவரை கொண்டுபோய்ச் சேர்த்தது.

அம்மா மேடைக்கு ஓடிவந்தாள். தாலிச் சங்கிலியில் கோத்திருந்த ஊக்குகளைக் கழற்றியபடியே, “மூச்ச வுடாதடி! பஜ்ஜிய கொறை, பஜ்ஜிய கொறைன்னு தலபாடா அடிச்சுக்கினேனே!” என்றாள். மைக் அதையும் ஒலிபரப்பியது.

பக்கத்து வீட்டு கற்பகம் அக்கா எழுந்தார். “ஏம்மா, வயசானா எடை ஏறும்ன்ற. உனுக்கு இன்னா வயசு?”

“இருபத்தெட்டுக்கா.”

“அப்ப உனுக்கு இன்னாத்துக்குக் கிழிஞ்சுது?”

ஓடியிருப்பேன். ஆனால் ஓடுவதற்கு முதுகைத் திருப்ப வேண்டுமே! அதனால் உண்மையைச் சொன்னேன்.

“இது வயசு இல்லக்கா. காலேஜ் படிக்கறப்ப பஸ் பின்னாடி ஓடுனேன். இப்ப ஸ்கூட்டர், நாற்காலி, பஜ்ஜி. வயசு மேல பழி போட எனக்கு இன்னும் ரொம்ப வருஷம் கீது.”

கைதட்டல் அடங்கவில்லை. அதற்குப் பிறகுதான் ஒவ்வொருவராகத் தங்கள் இடுப்பைப் பற்றிக் கூச்சமில்லாமல் கேட்க ஆரம்பித்தார்கள். நானும் ஒன்று விடாமல் பதில் சொன்னேன். அம்மா பின்னால் பாதுகாவலர் மாதிரி கடைசிவரை அசையாமல் நின்றாள்.

இப்போது என்னை அடையாறு, மயிலாப்பூர் என்று கூப்பிடுகிறார்கள். நன்றாகவே பேசுகிறேன். ஆனால் துணியை வெட்டச் சொன்ன கதையை டைலர் அண்ணன் அம்மாவிடம் சொல்லிவிட்டார். அதிலிருந்து எங்கள் வீட்டில் யார் பெருமை பேசினாலும், தம்பி “பத்தே நிமிஷத்துல பீச்சுக்குப் போயிடுவேன்” என்றால்கூட, அம்மா அடுப்படியிலிருந்தே குரல் கொடுப்பாள்:

“உள்ள கொஞ்சம் துணி வுட்டுப் பேசுடா!”