இடியன் துவக்கும் அவிச்ச முட்டையும்

எல்லாரும் இருங்கோ. இருங்கோ எண்டுறன்! உந்தக் கதவடியிலை நிக்கிற ஆக்களும் உள்ளுக்கு வாங்கோ, ஹீற் முழுக்க வெளியிலை போகுது. ரோல்ஸ் எங்கையும் ஓடாது, பொரிச்சது தட்டிலைதான் கிடக்கும். வாயை மட்டும் கொஞ்ச நேரம் பொத்துங்கோ. இது வாய் மூடாத ஒரு மனிசன்ரை கதை. கேக்கிற நீங்களாவது மூடிக்கொண்டு கேளுங்கோ.

இஞ்சை கனடாவிலை, மில்லிக்கனிலை இருந்த இக்னேசியஸ். பிளாஸ்டிக் வாளி செய்யிற ஃபக்ரறியிலை வேலை. அந்தாள் கதைக்கத் தொடங்கினால் மெஷின் வெக்கப்பட்டு நிண்டிடும். அவற்றை மனிசி அன்ரனெற். அவ ஒரு நாளைக்கு மூண்டு வசனம்தான் கதைப்பா. மிச்சமெல்லாம் 'ம்'. அந்த 'ம்'முக்குள்ளை ஓமும் இருக்கும், இல்லையும் இருக்கும், 'செய்யுங்கோ, பிறகு பாப்பம்' எண்டதும் இருக்கும். இருவது வருசமாய் இக்னேசியஸ் எல்லாத்தையும் 'ஓம்' எண்டே எடுத்துக்கொண்டு வந்தவர்.

மனிசனுக்கு ஒரு வருத்தம். அவரிட்டை எட்டுப் பேர் இருக்கக்கூடின வான் ஒண்டு இருந்தது. கனடாவிலை எட்டுப் பேர் வான் வாங்கினவன் தன்ரை ஞாயிற்றுக்கிழமையை ஊருக்கு எழுதிக் குடுத்திட்டான் எண்டு அர்த்தம். அன்ரனெற்றோடை கூடப்பிறந்ததுகள் ஆறு. அதுகளுக்குப் பிள்ளையள். பிள்ளையளுக்குப் பிறந்தநாள், முதல் நன்மை, சாமத்தியவீடு. அது முடிய ஆராவது வீடு வாங்கிக் குடிபூரல். விடிய ஏழு மணிக்கு அஜக்ஸிலை மூண்டு பேரை ஏத்தோணும். 401 பெருந்தெருவாலை ஓடி மிசிசாகாவிலை இறக்கோணும். பின்னேரம் அதே மூண்டு பேரையும், அவையள் கட்டிக்கொண்ட சோத்துப் பாசலையும் திருப்பி அஜக்ஸுக்கு. தொண்ணூத்தி நாலாம் ஆண்டு எடுத்த எந்த வீடியோவைப் போட்டுப் பாத்தாலும் இக்னேசியஸ் ஒரே கோட்டோடை, கையிலை வான் திறப்புக் கொத்தோடை, கேக்குக்குப் பின்னாலை நிப்பார்.

தப்பிப் பாக்காத ஆள் இல்லை. ஓவர்டைம் எண்டார். மனிசியின்ரை தங்கச்சி கிளடிஸ் ஃபக்ரறி வாசலுக்கே கேக் கொண்டு வந்தா. முதுகு நோ எண்டார். அஜக்ஸ்காரர் மூண்டு பேரும் எண்ணெய்ப் போத்திலோடை வீட்டை வந்திச்சினம். பிறகு அவையளைக் கொண்டுபோய் விட்டது ஆர்? முதுகு நோவோடை இவர்தான்.

தொண்ணூத்தஞ்சு சித்திரையிலை, பக்கத்து வீட்டு ஸ்ரீஸ்கந்தராசான்ரை கராஜ்ஜுக்கை நிண்டு மார்பிலை அடிச்சுச் சபதம் எடுத்தார்.

"சிறீ! இனி ஞாயிறு என்ரை ஞாயிறு!"

"மெதுவாய்க் கத்து. அன்ரனெற் அக்கா உங்கை துணி காயப் போடுறா."

"என்னோடை வேலை செய்யிற கோர்டன் ஒரு சங்கத்திலை இருக்கிறான். இடியன் துவக்குச் சங்கம்."

"என்ன துவக்கு?"

"எங்கடை வன்னியிலை பண்டி சுடுற சாமானடா. துவக்கின்ரை வாயாலை வெடிமருந்தைக் கொட்டி, ஈயக் குண்டைத் துணியிலை சுத்தி வைச்சு, தடியாலை இடிச்சு இறக்கிச் சுடுறது. வெள்ளையள் தோல் சட்டையைப் போட்டுக்கொண்டு, இருநூறு வருசத்துக்கு முந்தி சுட்ட மாதிரியே சுடுறாங்கள்."

"ஏன், அவங்களுக்கு என்ன பிடிச்சிருக்கு?"

"பாரம்பரியமாம்."

"டேய், வெடிச்சத்தத்துக்கு ஓடி, கடல் தாண்டி, றெஃப்யூஜி அடிச்சு வந்தனீ. இஞ்சை சங்கத்திலை சேந்து வெடி கேக்கப் போறியோ?"

"அதுதான்ரா விசியமே! வெடிச்சத்தம் கேக்கிற இடத்துக்கு எங்கடை சனத்திலை ஒண்டு பின்னாலை வருமோ? கேக் கொண்டு வருமோ? எண்ணெய் கொண்டு வருமோ? எல்லாம் மற்றப் பக்கமாய் ஓடும்."

"அப்ப நீ?"

"நான் ஏன் அங்கை போறன்? மெம்பர் காட்டை எடுத்து மேசையிலை வைக்கிறது. ஞாயிறு விடிய வெளிக்கிடுறன் எண்டு போட்டு உன்ரை கராஜ்ஜுக்குள்ளை பூருறது. பின்னேரம் வரை கடுதாசி, முன்னூத்தி நாலு அடிக்கிறது."

ஸ்ரீஸ்கந்தராசா கடுதாசிக் கட்டைக் கையிலை எடுத்தார். முன்னூத்தி நாலு விளையாட நாலு பேர் வேணும். அவருக்கும் ஒரு கை குறைஞ்சு கொண்டுதான் இருந்தது. உடனை சங்கம் நல்ல சங்கம் எண்டிட்டார்.

இன்னொண்டையும் சொல்லோணும். விக்ரோறியா டேக்குத் தெருவிலை பட்டாசு விடுவாங்களெல்லே? அப்ப இக்னேசியஸ் பேஸ்மென்ற்றுக்கு இறங்கிடுவார். 'ஃபேர்னஸ் பாக்கிறன்' எண்டு. வெயில் ஏறுற வைகாசி மாசத்திலை ஆர் வீடு சூடாக்கிற ஃபேர்னஸ் பாக்கிறது? அன்ரனெற் வாசல்படியிலை இருந்து கச்சான் கொறிச்சுக்கொண்டு பட்டாசு பாப்பா.

படிவம் வந்தது. மனிசியும் கையெழுத்து வைக்கோணுமாம்.

"இஞ்சேரும், இதிலை ஒரு சைன்."

"என்னது?"

"துவக்குச் சங்கம். நான் சேரப் போறன்."

அன்ரனெற் அவரை மேலையும் கீழையும் பாத்தா.

"நெஞ்சுக்கு நல்லதாம், அன்ரனெற். சுத்தக் காத்து. கனேடியன் ஹிஸ்ரறி. சிற்றிசன் சோதினையிலை கேட்டாலும் கேப்பாங்கள்."

"ம்."

"ஆனால் பாரும், ஞாயிற்றுக்கிழமையிலை வைச்சுத் துலைக்கிறாங்கள். எனக்கும் கவலைதான். கிளடிஸின்ரை பெட்டையின்ரை முதல் நன்மைக்கு என்னெண்டு வராமல் விடுறது? நினைக்கவே நெஞ்சு நோகுது."

"நெஞ்சுக்கு நல்லதெண்டியள்."

"அது வேறை நெஞ்சு!"

"ம்."

அன்ரனெற் கண்ணாடியைப் போட்டா. படிவத்தின்ரை முன்பக்கத்தை வாசிச்சா. திருப்பிப் பின்பக்கத்தையும் வாசிச்சா. பின்பக்கம் எண்டு ஒண்டு இருக்கிறது இக்னேசியஸுக்குத் தெரியாது. எங்கையோ ஒரு பெட்டியிலை ஒரு கீறு கீறி, கையெழுத்தை வைச்சு, "தபாலிலை நான் போடுறன்" எண்டு கைப்பைக்கை வைச்சிட்டா. கிளடிஸின்ரை மனிசனும் ஒரு வான் எடுத்தவர், அவர் ஏத்தி இறக்குவார் எண்டு அதுக்கும் வழி சொல்லிப்போட்டா. இக்னேசியஸுக்குக் கண்ணிலை தண்ணி. இப்பிடி ஒரு மனிசி ஆருக்குக் கிடைக்கும்?

வைகாசியிலை கோர்டனும் பென்ஷன் எடுத்துக்கொண்டு வேலையாலை நிண்டிட்டான். இனி ஃபக்ரறியிலை உண்மை தெரிஞ்ச ஆள் ஒருதரும் இல்லை. வாளியிலை ஓட்டையே இல்லை.

முதல் ஞாயிறு பின்னேரம் வீட்டை வந்தார். "அப்பா, என்ன வெடி! காது ரெண்டும் அடைச்சுப்போட்டுது!" எண்டு காதைக் குடைஞ்சார். அன்ரனெற் தேத்தண்ணியை நீட்டேக்கை அவற்றை கையைப் பாத்தா.

"கை வெள்ளையாய்க் கிடக்கு."

அவ்வளவுதான். மனிசன் ராத்திரி முழுக்க நித்திரையில்லை. கோர்டன் சொன்னது அப்பதான் ஞாபகம் வந்தது. கறுப்பு மருந்து சுட்டால் கை கரிச்சட்டி மாதிரி வருமாம், உடம்பெல்லாம் கூழ்முட்டை மணக்குமாம். அடுத்த ஞாயிறிலை இருந்து கராஜ்ஜை விட்டு வெளிக்கிட முந்தி பார்பிக்யூக் கரியை எடுத்து ரெண்டு கையிலும் பூசுவார். மணத்துக்கு வெள்ளிக்கிழமையே முட்டை ஒண்டை அவிச்சுக் காச்சட்டைப் பொக்கற்றுக்கை போட்டுவிடுவார். ஒரு நாள் விளையாட்டுச் சூட்டிலை அதுக்கு மேலையே இருந்திட்டார். அண்டைக்கு ஸ்ரீஸ்கந்தராசா கராஜ் கதவைத் திறந்து வைச்சுத்தான் சீட்டுப் பிரிச்சார்.

வீட்டை வந்தால் அன்ரனெற் மணந்து பாத்திட்டு, "ம்" எண்டுவா.

ஆடி மாசம் ஒரு ஞாயிறு பாத்தால் அன்ரனெற்றின்ரை விரலும் கறுத்துக் கிடந்தது.

"என்ன, கிளடிஸ் வீட்டிலை வாழைப்பூ வெட்டினீரோ?"

"ம்."

"சேலையிலை முட்டை மணக்குது. முட்டைக்கறியோ?"

"ம்."

பாவம் எண்டு நினைச்சார் இக்னேசியஸ். தான் இல்லாமல் ஞாயிறு முழுக்கக் குசினிக்கை கிடந்து மாயுறாளே எண்டு அடுத்தநாள் ஒரு பெட்டி டோனற் வாங்கிக் குடுத்தார். நல்ல மனிசன்.

புரட்டாதியிலை ஒரு சின்னக் கரைச்சல். கடுதாசிக் கட்டிலை ஆட்டின் ஜாக்கை, அந்தச் சிவப்பு இதயம் போட்ட சீட்டை, காணேல்லை. முன்னூத்தி நாலிலை ஜாக்தானே ராசா.

"நான் தேத்தண்ணி ஊத்தின அந்தச் சீட்டை நீதான் ஒளிச்சனீ. போன கிழமை சட்டைப் பொக்கற்றுக்கை ஏதோ செருகினதை நான் கண்டனான்."

"மாதா மேலை ஆணை, சிறீ! பொக்கற்றுக்கை இருந்தால் அன்ரனெற் உடுப்புத் தோய்க்கேக்கை எடுத்துத் தந்திருப்பா!"

அப்பவாவது விளங்கியிருக்கோணும். விளங்கேல்லை.

ஐப்பசியிலை சங்கத்திலை இருந்து கடிதம். தாங்ஸ்கிவிங்குக்குச் சுடுற போட்டியாம், வான்கோழி பரிசாம், எல்லாரும் குடும்பத்தோடை வரோணுமாம். அன்ரனெற் கடிதத்தைத் தேத்தண்ணிக் கோப்பைக்குப் பக்கத்திலை வைச்சா.

"நானும் வாறன்."

"அங்கை ஒரே வெடி! உமக்குக் காது தாங்காது!"

"ம்."

இக்னேசியஸ் செருப்பில்லாமல் பக்கத்து வீட்டுக்கு ஓடினார்.

"சிறீ, துலைஞ்சன்! துவக்கை நீட்டினால் எந்தப் பக்கம் வாயெண்டே எனக்குத் தெரியாது!"

"கையிலை நோ எண்டு சொல்லு."

"முதுகு நோ சொல்லி முந்தியே பிடிபட்டனானெல்லே?"

"முதுகு வெளியிலை தெரியாது. கை தெரியும். கட்டுப் போடலாம்."

போட்டியண்டு விடிய ஸ்ரீஸ்கந்தராசா தன்ரை பழைய வேட்டியிலை ஒரு முழம் கிழிச்சு, இக்னேசியஸின்ரை வலக்கையைக் கழுத்தோடை சேத்துக் கட்டிவிட்டார். அன்ரனெற் கட்டைப் பாத்தா. அண்டைக்கு அவ ஒரு வசனம்கூட இன்னும் பேசேல்லை.

ஒருகையாலை வானை ஓட்டிக்கொண்டு வெளிக்கிட்டினம். இருவது ஞாயிறு போய்வந்த இடம். ஆனால் போற வழி அவருக்குத் தெரியாது! ஒவ்வொரு சந்தியிலையும் மெல்லமாக்கினார். ஒவ்வொரு சந்தியிலையும் அன்ரனெற்றின்ரை விரல் மட்டும் அசைஞ்சுது. இடம். வலம். நேர. கடிதத்திலை மாப் கீறிக் கிடக்காக்கும் எண்டு நினைச்சார்.

பெரிய வெளி. அம்பது அறுவது பேர். தோல் சட்டை, நரிவால் வைச்ச தொப்பி, எருமைக் கொம்பிலை மருந்து. வான் நிண்டதுதான் தாமதம், தாடிக்காரன் ஒருத்தன் ஓடி வந்து கதவைத் திறந்தான்.

"ஹாய் ஆன்!"

அன்ரனெற்றைத்தான் அப்பிடிக் கூப்பிட்டான். பின்னாலை நாலு பேர் வந்தாங்கள். "ஆன் வந்திட்டா!" "ஆன், ரோல்ஸ் கொண்டு வந்தனீங்களோ?" அன்ரனெற் பின் சீற்றிலை இருந்து ஒரு பெரிய தட்டை எடுத்து நீட்டினா. தாடிக்காரன் இக்னேசியஸைத் திரும்பிப் பாத்தான்.

"நீங்கள் ஆர்? டிரைவரோ?"

இக்னேசியஸ் வாயைத் திறந்தார். அந்த நேரம் பாத்து, பின்னாலை ஆரோ ஒரு வெடி வைச்சான்.

டமார்!

இக்னேசியஸின்ரை ரெண்டு கையும் மேலை எழும்பிட்டுது. பழகின கையெல்லே, ஊரிலை ஆமி செக்பொயின்ற்றிலை நிண்ட கை. தலைக்கு மேலை ரெண்டு உள்ளங்கையும் விரிச்சபடி. வேட்டித்துண்டு அவிண்டு புல்லிலை கிடக்குது. அன்ரனெற் குனிஞ்சு துண்டை எடுத்து, வடிவாய் மடிச்சு, கைப்பைக்கை வைச்சா.

அப்பதான் கோர்டன் வந்தான், பென்ஷன்காரன், வயித்தைத் தள்ளிக்கொண்டு.

"இக்னே! உன்னைச் சங்கத்திலை காணவே கிடைக்கேல்லையே? என்ரை மனிசிதான் ஒவ்வொரு ஞாயிறும் உன்ரை மனிசியை வீட்டிலை வந்து ஏத்திக்கொண்டு வாறவள். நீங்கள் ஃபமிலி மெம்பர்ஷிப்பெல்லே எடுத்தனீங்கள்?"

பின்பக்கம். பெட்டி. கீறு. எல்லாம் ஒண்டுக்குப் பின்னாலை ஒண்டாய் இக்னேசியஸின்ரை மண்டைக்குள்ளை வெடிச்சுது.

இந்த இடத்திலை புத்தியுள்ளவன் மயங்கி விழுந்திருப்பான். இக்னேசியஸ் வாயைத் திறந்தார். தான் வேறை இடத்திலை தனியப் பழகினதெண்டார். வன்னியிலை தன்ரை சொந்தக்காரர் இடியனாலை யானையையே வெருட்டினவை எண்டார். கோர்டன் சந்தோசமாய்த் துவக்கைக் கையிலை குடுத்து வழி காட்டினான். இக்னேசியஸ் கதைச்சுக் கதைச்சுக் குண்டைத் துணியிலை சுத்தினார், கதைச்சுக் கதைச்சுத் தடியாலை இடிச்சார், கதைச்சுக் கதைச்சுக் குறி வைச்சார், கண்ணை மூடினார், இழுத்தார்.

டிக்.

திரும்ப இழுத்தார். டிக்.

பின்னாலை இருந்து ஒரு சொல் வந்தது.

"மருந்து."

மருந்தே போடேல்லை! சங்கத்திலை கண்டிப்பான சட்டமாம், துவக்குக்கு மருந்து போடேக்கை வாய் பேசக்கூடாது. தாடிக்காரர் வயித்தைப் பிடிச்சுக்கொண்டு சிரிச்சாங்கள். மருந்தில்லாமல் இறங்கின குண்டை வெளியிலை எடுக்க அரை மணித்தியாலம் போச்சுது.

பிறகு அன்ரனெற் வந்தா. சேலைத் தலைப்பை இடுப்பிலை செருகினா. மருந்து அளந்தா, துணி, குண்டு, தடி. ஒரு சத்தமில்லை. தூரத்திலை ஒரு கம்பத்திலை, அவ கைப்பையாலை எடுத்துக் குடுத்த சீட்டு ஒண்டைக் குறியாய்க் குத்தி வைச்சிருந்தாங்கள். டமார்! புகை போக, போய்ப் புடுங்கிக்கொண்டு வந்து அவற்றை கையிலை வைச்சா.

ஆட்டின் ஜாக். நெத்திப் பொட்டிலை ஓட்டை. பின்பக்கத்திலை ஸ்ரீஸ்கந்தராசா தேத்தண்ணி ஊத்தின கறை.

திரும்பி வரேக்கை வான்கோழி அன்ரனெற்றின்ரை மடியிலை. இக்னேசியஸ் ரெண்டு கையாலையும் ஓட்டினார். முப்பது மைல் வாய் திறக்கேல்லை. அது அவற்றை வாழ்க்கையிலேயே பெரிய சாதனை. வீட்டுக்குக் கிட்ட, ஸ்டீல்ஸ் றோட்டு வந்தாப் பிறகுதான் மெல்லக் கேட்டார்.

"அப்ப அன்ரனெற்... நான் அந்த மெம்பர்ஷிப் எடுத்ததாலை ஒரு பிரயோசனமும் இல்லையோ?"

அன்ரனெற் வான்கோழியை ஒருக்கால் தூக்கி நேரா வைச்சா. அண்டைக்குரிய மூண்டு வசனமும் அப்பிடியே மிச்சம் கிடந்தது.

"ஏன் இல்லை, எனக்கு ஞாயிறு கிடைச்சுதே. நீங்கள் ஞாயிறிலை சும்மாதான் நிக்கிறியள் எண்டு கிளடிஸிட்டைச் சொல்லிப்போட்டன், வாற கிழமை ஏழு மணிக்கு அஜக்ஸிலை மூண்டு பேர். வழியிலை பசிச்சால் ஃபிரிட்ஜிலை அவிச்ச முட்டை இருக்கு, பொக்கற்றுக்கை போட்டுக்கொண்டு போங்கோ."