எங்கள் காலத்து மிட்டன்ஸ்

முன்னாள்களில் பல இனம் உண்டு. முன்னாள் மேயர், முன்னாள் கணவர், முன்னாள் கால்பந்து வீரர். இவர்களோடெல்லாம் எப்படியோ காலம் தள்ளிவிடலாம். மேயர் ஒரு படகை வாங்கிக்கொண்டு ஏரிப் பக்கம் ஒதுங்கிவிடுவார். கணவர் ஃப்ளோரிடாவுக்குப் போய்விடுவார். கால்பந்து வீரருக்கு முழங்கால் வலி வந்து தானே அடங்கிவிடுவார். ஆனால் முன்னாள் பாடகி என்று ஓர் இனம் இருக்கிறது. அது எங்கேயும் போகாது. பட்டம் வாங்கி, வேலை வாங்கி, வீடு வாங்கி, பிள்ளைகளையும் ஆளாக்கிவிட்டு, இலைகள் சிவக்கத் தொடங்கியதும் தான் படித்த பல்கலைக்கழகத்தின் ஒத்திகை அறை வாசலில் வந்து நிற்கும்.

நீங்கள் பார்த்திருப்பீர்கள். "தொந்தரவு பண்ண வரலம்மா, சும்மா ஒரு ஓரமா உக்காந்துக்கறேன்" என்று சொல்லிவிட்டு, நாற்காலியை இழுத்து அறையின் நட்டநடுவில் போட்டுக்கொள்வாள். பெண்கள் ஒரு பாட்டுப் பாடி முடிப்பார்கள். அவள் கண்ணைத் திறக்கமாட்டாள். அறையே மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருக்கும்.

"நல்லா இருக்கு" என்பாள் கடைசியில். பிறகு, "வேற மாதிரி இருக்கு."

அந்த 'வேற மாதிரி'யில் எத்தனை பெண்கள் அழுதிருக்கிறார்கள் தெரியுமா?

எங்கள் எல்லிஸ்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் அந்த இனத்தின் தலைசிறந்த மாதிரி டெல்ஃபீன் ஹார்கிரீவ். பக்கத்து ஊரில் பல் சீரமைப்பு மருத்துவர். பகலெல்லாம் பிள்ளைகளின் பற்களைக் கம்பி கட்டி வரிசைக்குக் கொண்டுவருவாள். மாலையில் வந்து மிட்டன்ஸை வரிசைக்குக் கொண்டுவருவாள். மிட்டன்ஸ், அதாவது கம்பளிக் கையுறைகள், என்பது எங்கள் பெண்கள் பாட்டுக் குழுவின் பெயர். வாத்தியம் கிடையாது, மைக் கிடையாது. தொண்டையே வயலின், வாயே மத்தளம். அவளும் நானும் ஒரே ஆண்டு அதில் சேர்ந்தோம். அவள் முதல் குரல், உச்சத்தில் போய் நின்று மின்னுகிறவள். நான் இரண்டாம் கீழ்க்குரல். என் கல்லூரி வாழ்க்கையின் பெரும்பகுதி 'தூம்' என்ற ஒரே சொல்லில் கழிந்தது. பிறகு இந்த ஊரிலேயே தங்கி, பல்கலைக்கழகக் கட்டடப் பராமரிப்பு அலுவலகத்தில் வேலைக்குச் சேர்ந்தேன். 'தூம்' பாடியவர்களுக்குப் பொறுமை அதிகம். அந்த வேலைக்கு அது போதும்.

மிட்டன்ஸின் மரபுகளைக் கேட்டால் சிரிப்பீர்கள். நாங்கள் சிரிக்கமாட்டோம். வலது கையில் மட்டும் சிவப்புக் கம்பளிக் கையுறை மாட்டிக்கொண்டுதான் மேடையேற வேண்டும். பாட்டுக்குத் தாளமாக விரல் சொடுக்க வேண்டும். கம்பளிக்குள் விரலைச் சொடுக்கினால் சத்தம் வருமா? வராது. இருந்தாலும் சொடுக்க வேண்டும். ஏன் ஒரு கைக்கு மட்டும் என்று புதுப்பெண் யாராவது கேட்டால் டெல்ஃபீன் குரலைத் தாழ்த்திக்கொள்வாள்.

"இடது கை உலகத்துக்கு, கண்ணு. வலது கை இசைக்கு."

குழுவை ஆரம்பித்த வினிஃப்ரெட் அம்மையாரை ஒரு விழாவில் நானே நேரில் கேட்டேன். "அறையில ஹீட்டர் வேலை செய்யல. எங்க அத்தை பின்னிக் குடுத்தாங்க. ஆளுக்கு ஒண்ணுதான் வந்துது" என்றார். இதை டெல்ஃபீனிடம் சொன்னேன். "வினிஃப்ரெட்டுக்கு வயசாயிடுச்சு, பாவம்" என்றாள்.

எல்லா மரபுக்கும் சிகரம் விடைப்பாட்டு. ஆண்டுதோறும் நவம்பரில் பழைய மாணவிகள் கூடும் சனிக்கிழமைக் கச்சேரியின் கடைசியில் அதைப் பாடுவோம். கூட்டத்திலிருக்கும் முன்னாள் மிட்டன்கள் எல்லோரும் மேடையேறிக்கொள்வார்கள். நடுவில் ஓர் உச்சம் வரும். கண்ணாடி விரிசல் விடும் உச்சம். வினிஃப்ரெட்டுக்கு அப்படி ஒரு தொண்டை இருந்தது, பாட்டைத் தன் தொண்டைக்குத் தைத்துக்கொண்டார். அவ்வளவுதான் விஷயம். ஆனால் சட்டை தைத்தவர் போனபிறகும் நாங்கள் எல்லோரும் அதற்குள் நுழைய மூச்சை அடக்கிக்கொண்டிருந்தோம்.

நான் சொல்லவந்த ஆண்டில் குழுவின் தலைவி மார்லோ ஸ்டென்க்விஸ்ட். மினசோட்டாக்காரி, இயற்பியல் மாணவி, நெடுநெடுவென்ற உயரம். குழுவில் எட்டே பேர். உச்சத்தைத் தொடக்கூடிய ஒரே பெண் எரிமலை ஆராய்ச்சி என்று ஐஸ்லாந்துக்குப் போய்விட்டாள். மார்லோ ஒத்திகையில் நேரடியாகவே விஷயத்துக்கு வந்தாள்.

"டெல்ஃபீன், விடைப்பாட்டை இந்த வருஷம் சுருதி இறக்கிப் பாடலாம்னு இருக்கோம். உச்சத்துக்கு எங்ககிட்ட ஆள் இல்ல."

"இறக்கியா?" பல்லைப் பிடுங்குவதற்கு முன் நோயாளியைப் பார்ப்பதுபோல் டெல்ஃபீன் பார்த்தாள். "வினிஃப்ரெட் பாடின சுருதியில பாடினாத்தான் அது விடைப்பாட்டு. இறக்கினா அது தாலாட்டு."

"கீச்சுனு கத்துறதுக்குத் தாலாட்டே தேவல."

"நாங்க யாரும் கத்தினதில்ல, கண்ணு. பாடினோம்."

"அப்ப நீங்களே வந்து பாடுங்க!"

"சனிக்கிழமை மேடையேறிப் பாடத்தானே போறேன்?"

ஓரத்தில் உட்கார்ந்திருந்த எனக்கு இருமல் வந்துவிட்டது. ஏன் என்று கேளுங்கள். விடைப்பாட்டின்போது டெல்ஃபீனுக்குப் பக்கத்தில் நிற்பவள் நான். உச்சம் வரும்போது அவள் வாய் அழகாகத் திறக்கும், புருவம் நெற்றியில் ஏறும், கழுத்து நரம்பு புடைக்கும். சத்தம் மட்டும் வராது. அவள் மட்டுமல்ல, முதல் குரல் பாடிய முன்னாள்கள் அத்தனைபேரும் அப்படித்தான். வயது தொண்டையிலும்தான் ஏறுகிறது. பக்கத்தில் இருப்பவள் பாடுகிறாள் என்று ஒவ்வொருத்தியும் நம்பிக்கொண்டு வாயைத் திறப்பாள். உச்சத்தை மாணவிகள்தான் தூக்கிச் சுமப்பார்கள். இதை நான் யாரிடமும் சொன்னதில்லை. 'தூம்'காரிக்கு எதற்கு ஊர் வம்பு?

ஒத்திகை முடிந்ததும் மார்லோ என்னோடு படியிறங்கி வந்தாள். கண் சிவந்திருந்தது.

"சனிக்கிழமை கச்சேரி முடிஞ்சதும் நான் விலகிடறேன், லோர்னா. கீழ்க்குரல் மூணு பேரும் எங்கூட வராங்க."

"நாலு பேர் போனா அப்புறம் குழு ஏது?"

"ஏன், டெல்ஃபீன் இருக்காங்களே! தனியா நின்னு பாடட்டும். அவங்க காலத்து ஆளுங்க கேக்கட்டும்."

கோபத்தில் பேசுகிறாள் என்று முதலில் நினைத்தேன். அப்புறம் அவள் கையுறையைக் கழற்றி மடித்துப் பையின் அடியில் வைத்ததைப் பார்த்தேன். கிண்டல் செய்வதற்காகவாவது அந்தக் குழு வேண்டுமே எனக்கு!

சனிக்கிழமை வந்தது. மாணவிகள் விடுதியின் கீழ்க்கூடம் நிரம்பி வழிந்தது. டெல்ஃபீன் மெல்லிய பட்டு மேல்சட்டையில் முன்வரிசையில் இருந்தாள். கச்சேரி நன்றாகவே போயிற்று. விடைப்பாட்டுக்காக முன்னாள்களை அழைத்தார்கள். நாங்கள் மூட்டு வலிகளோடு மேடையேறி நின்றோம். பழைய சுருதியே இருக்கட்டும் என்று மார்லோ தோற்றுப்போய் ஒப்புக்கொண்டிருந்தாள். உள்ளங்கையளவு வட்ட ஊதலில்தான் சுருதி கொடுப்பது வழக்கம். அதை வாயருகே கொண்டுபோனாள். யாரும் கேட்டிராத அளவுக்குப் பெரிதாக இன்னொரு ஊதல் முந்திக்கொண்டது.

தீ எச்சரிக்கை அலாரம்.

மாடியில் யாரோ ஒரு பெண் பாப்கார்னை அடுப்பில் வைத்துவிட்டு ஃபோனில் பேசப் போயிருக்கிறாள். விளைவு, இசை ரசிகர்கள், பாடகிகள், இரவு உடுப்பிலேயே பகலைக் கழிக்கும் விடுதிப் பெண்கள் எல்லோரும் கார் நிறுத்துமிடத்தில். மழையும் பனியும் கலந்து தூறிக்கொண்டிருந்தது. காற்றுக்கு ஒதுங்க ஒரே மறைவுதான் இருந்தது: லாரியில் ஏற்றிப்போகும் பெரிய பச்சைக் குப்பைத் தொட்டி. மிட்டன்ஸின் அத்தனை தலைமுறையும் அதை ஒட்டி நின்றோம். வியாழக்கிழமை மீன் வறுத்திருந்தார்கள் என்று தெரிந்தது.

டெல்ஃபீன் நடுங்கினாள். மார்லோ அவளைப் பார்த்தாள். வேறு பக்கம் பார்த்தாள். பிறகு, ஓடிவரும்போது மாட்டிக்கொண்டு வந்த தன் கோட்டைக் கழற்றி அவள் தோளில் போட்டாள். தீயணைப்பு வண்டி வந்து, ஆட்கள் உள்ளே போனார்கள். கூட்டத்திலிருந்து யாரோ ஓர் ஆள் கத்தினான்: "மீதியப் பாடுங்கம்மா! குளிராவது தெரியாம இருக்கும்!"

"ஊதலை உள்ளேயே வெச்சுட்டு வந்துட்டேன்" என்றாள் மார்லோ.

"அப்ப பாடக் கூடாது" என்றாள் டெல்ஃபீன், பல் கிட்டிக்க. "ஊதல் இல்லாம விடைப்பாட்டு ஆரம்பிச்சதே இல்ல."

எப்படியும் விலகப்போகிறவளுக்கு என்ன பயம்? மார்லோ தனக்கு வசதியாக இருந்த ஒரு சுரத்தை முனகினாள். தாழ்வான, அகலமான சுரம். கீழ்க்குரல்கள் அதைப் பிடித்துக்கொண்டன. நான் 'தூம்' என்றேன். டெல்ஃபீன் தடுக்கத்தான் வாயைத் திறந்தாள். ஆனால் விடைப்பாட்டு காதில் விழுந்தபின் திறந்த வாய் மூடுமா? பாடத் தொடங்கினாள்.

உச்சம் வந்தது. டெல்ஃபீனின் வாய் வழக்கப்படி அழகாகத் திறந்தது, புருவம் ஏறியது. சத்தம் வந்தது.

துருவேறிய, ஆனால் முழுசான சத்தம். அவளே திடுக்கிட்டாள். பாதிச் சுரத்தில் திரும்பி என்னைப் பார்த்தாள், நான்தான் அதைப் பாடியதுபோல. இந்தப் பக்கம், அந்தப் பக்கம், வரிசை முழுக்க முன்னாள் முதல் குரல்கள் எல்லாம் வாயைத் திறந்தார்கள். எல்லோரிடமிருந்தும் சத்தம் வந்தது. எத்தனையோ ஆண்டாக வாடகைக்கு விட்டிருந்த வீட்டுக்குள் மறுபடி குடியேறியவர்கள்போல் அந்தச் சுரத்தில் உலாவினார்கள். வெளியே வந்த தீயணைப்புக்காரர் ஒருவர், 'உள்ளே போகலாம்' என்று சொல்ல எடுத்த கையை அப்படியே வைத்துக்கொண்டு நின்றார். எனக்கு இரண்டு 'தூம்' விட்டுப்போயிற்று. என் வாழ்நாளில் முதல்முறை.

முடிந்ததும் டெல்ஃபீன் மார்லோவின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டாள். மூக்கு ஒழுகியது, துடைக்கவில்லை.

"இதுதான்! இதுதான் சரியான சுருதி! வினிஃப்ரெட் இதுலதான் பாடுவாங்க. நடுவுல யாரோ ஏத்திவிட்டுட்டாங்க!"

மார்லோ என்னைப் பார்த்தாள். நான் குப்பைத் தொட்டியைப் பார்த்தேன். அவள் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். பிறகு, தன் கோட்டுக்குள் நின்று அழுதுகொண்டிருந்த அந்த அம்மாளைப் பார்த்து, "அப்படியா, டெல்ஃபீன்? நல்லவேளை, கண்டுபிடிச்சோம்" என்றாள்.

அவள் விலகவில்லை. மற்ற மூன்று பேரும் விலகவில்லை. வசந்தத்தில் புதிதாக ஐந்து பெண்கள் சேர்ந்தார்கள். இத்தோடு சுபம் போட்டிருக்கலாம், இனம் அழிந்திருந்தால்.

அடுத்த நவம்பரில் என் அலுவலகத் தொலைபேசி அடித்தது.

"லோர்னா, அந்தக் குப்பைத் தொட்டி எங்க?"

"சமையல்கூடத்துக்குப் பின்னால மாத்திட்டாங்க, டெல்ஃபி."

"யாரைக் கேட்டு மாத்தினாங்க? விடைப்பாட்டை எப்பவும் அது பக்கத்துல நின்னுதானே பாடுவோம்?"

"எப்பவுமா? ஒரே ஒரு தடவை!"

"எல்லா மரபுக்கும் ஒரு முதல் தடவைனு இருக்கும் இல்ல?"

லாரியை வரவழைத்து, தொட்டியைப் பழைய இடத்தில் கொண்டுவந்து வைத்தேன். கச்சேரியின் கடைசியில் கூடமே எழுந்து, கோட்டு மாட்டிக்கொண்டு, பக்தியோடு வெளியே நடந்தது. புது மாணவிகளிடம் டெல்ஃபீன் குரலைத் தாழ்த்தி விளக்கிக்கொண்டிருந்தாள்: "உலகம் தூக்கியெறிஞ்சதுக்குப் பக்கத்துல நின்னு பாடணும், கண்ணு. அதுதான் தத்துவம்."

மார்லோ பட்டம் வாங்கி மினியாபொலிஸில் வேலைக்குப் போனாள். போன ஆண்டு இலைகள் சிவந்தபோது ஒத்திகை அறையில் டெல்ஃபீனுக்குப் பக்கத்தில் இன்னொரு நாற்காலி. நெடுநெடுவென்ற ஒருத்தி கண்ணை மூடி உட்கார்ந்திருந்தாள். புதுத் தலைவி ஜூனிப்பர் ஒகஃபோர், சின்னப் பெண், தைரியசாலி, எழுந்து சொன்னாள்: "இந்த வருஷம் விடைப்பாட்டை உள்ளேயே பாடிக்கலாம்னு பாக்கறோம். வெளில குளிர், நாத்தம் வேற. ரெண்டு பேருக்கு ஆஸ்துமா."

மார்லோ கண்ணைத் திறந்தாள்.

"உள்ளேயா? நாங்க கோட்டு கூட இல்லாம, கொட்டுற பனியில நின்னு பாடினவங்கம்மா. தீயணைப்பு வண்டி பக்கத்துல நின்னுச்சு!"

"அதுக்கு நாங்க என்ன பண்ணணும்? அலாரத்தை அடிச்சுவிடணுமா?"

மார்லோ சுவரிலிருந்த அலாரப் பெட்டியைப் பார்த்தாள். அதைப்பற்றி யோசித்துக்கொண்டிருந்தாள். எனக்குப் பயமாக இருந்தது.

நீங்கள் பாடுகிறவர் இல்லை, ஆகவே தப்பித்தீர்கள் என்றுதானே இதுவரை சிரித்துக்கொண்டு வந்தீர்கள்? நல்லது. ஒரே ஒரு கேள்வி. நீங்கள் வேலை பார்த்த பழைய அலுவலகத்தில் காப்பி இயந்திரம் முன்பு எந்த மூலையில் இருந்தது என்று, கேட்காத ஒருவருக்குக் கடைசியாக எப்போது விளக்கினீர்கள்? அவர் சிரித்தபடி தலையாட்டிக்கொண்டே இருந்தாரே, அதை மரியாதை என்றா நினைத்தீர்கள்?